ஆகாசத்தின் பத்தியம்

இருபத்து நாலு வருஷக் குடித்தனத்தில் அவள் சமையலை அவர் ஒரு தடவைகூடப் புகழ்ந்ததில்லை. குறை சொன்னதும் இல்லை, அது வேறு விஷயம். தட்டில் விழுந்ததைச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போய்விடுவார். அப்பேர்ப்பட்ட மனுஷன், டாக்டரம்மா பத்தியம் போட்ட ஒன்பதாம் நாள், வெந்த பீன்ஸையும் பூசணிக்காயையும் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "இன்னிக்கு ரொம்ப நல்லா இருக்குடி" என்றார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த ருசி எங்கிருந்து வந்தது என்பது மட்டும் நன்றாகவே புரிந்தது. அதில் ஒரு கரண்டி வெண்ணெய் போட்டிருந்தாள்.

அவர் கிரேன் ஓட்டுபவர். அடுக்குமாடிகள் கட்டுகிற இடத்தில், பதினாறு மாடி உயரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து கம்பியையும் கான்கிரீட்டையும் தூக்கி வைப்பது வேலை. அங்கே எல்லாருக்கும் அவர் 'ஆகாசம்' தான். காலையில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார். சாப்பாடு கயிற்றில் மேலே போகும், காலி டப்பா கயிற்றில் கீழே வரும். பத்தொன்பது வருஷமாக இப்படி.

இந்த வருஷப் பரிசோதனையில்தான் கம்பெனி டாக்டரம்மா குண்டைத் தூக்கிப் போட்டார். இருதயத்துக்குப் போகிற ரத்தக்குழாயில் கொழுப்பு படிய ஆரம்பித்திருக்கிறது. மாத்திரை மட்டும் போதாது, சாப்பாடும் மாறவேண்டும். கறி, முட்டை, பால், வெண்ணெய், பொரித்தது எல்லாவற்றுக்கும் கும்பிடு. காய், கீரை, பழம், பயறு, தீட்டாத அரிசி. செடியிலிருந்து வந்தது, அதிகம் மெருகேற்றாமல் வந்தபடி. மூன்று மாதத்தில் ரத்தக் கொழுப்பின் எண் இறங்கினால் கிரேனில் ஏறலாம். இறங்காவிட்டால் கீழே ஸ்டோரில் ஆணி எண்ணவேண்டியதுதான்.

எட்டு நாள் அவர் வாயைத் திறக்காமல் மென்றார். தண்டனைக் கைதி மாதிரி மென்றார். அதைப் பார்த்துக்கொண்டு அவளால் இருக்க முடியவில்லை. ஒரு கரண்டியில் என்ன ஆகிவிடப் போகிறது என்று ஒன்பதாம் நாள் மனசு இளகிவிட்டது. அதற்குப் பிறகு புகழ்ச்சிக்கு ஆசைப்பட்டுக் கை நீண்டது. சில நாள் ஒரு கரண்டி, சில நாள் இரண்டு. வெண்ணெய் டப்பா ஃப்ரிட்ஜில் கீரைக்கட்டுக்குப் பின்னால் குடியிருந்தது.

அவர் சும்மா சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தால் பிழைத்தாள். மனுஷன் உபதேசம் செய்யக் கிளம்பிவிட்டார். மேலேயும் கீழேயும் பேசிக்கொள்ள அவர்களுக்கு வாக்கி டாக்கி உண்டு. "இடது, நிறுத்து, இறக்கு" என்று பேசவேண்டிய கருவியில் பீன்ஸின் பெருமை ஒலிபரப்பானது. கீழே நின்று அவருக்குக் கை காட்டுகிற 'விசில்' முதலில் இந்தச் சாப்பாட்டுக்கு மாறினான். பிறகு வெல்டர், பிறகு தச்சர்.

அப்புறம் அவர்கள் வீடுகளிலிருந்து போன் வந்தது. "அக்கா, நீங்க சொன்ன மாதிரியேதான் செஞ்சேன். எங்க வீட்ல அந்த ருசி வரமாட்டேங்குதே?" என்றாள் வெல்டர் மனைவி. இவள் தையல் மிஷினில் ஒரு திரைச்சீலையை வைத்துக்கொண்டு, பூசணிக்காயை எத்தனை துண்டாக நறுக்குவது என்பதையெல்லாம் விளக்கமாகச் சொன்னாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறோமே என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

மூன்று மாதம் முடிந்து எல்லாருக்கும் ரத்தம் எடுத்தார்கள். விசிலுக்கு நாற்பது புள்ளி குறைந்திருந்தது. வெல்டருக்கு முப்பது. பத்தியம் ஒத்துக்கொள்ளவில்லை என்று பாதி நாள் புலம்பிய தச்சருக்குக்கூடப் பதினெட்டு. குருநாதருக்கு ஆறு புள்ளி ஏறியிருந்தது.

"ஊருக்குத்தான் உபதேசம்போல!" என்று சிரித்தார்கள். மேலே கூண்டுக்குள் அவர் என்னென்ன பொட்டலம் ஒளித்து வைத்திருக்கிறார் என்று ஆளாளுக்குக் கதை கட்டினார்கள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. "என்கிட்ட மறைச்சா நஷ்டம் உங்களுக்குத்தான்" என்று சொல்லி, திங்கட்கிழமை முதல் ஸ்டோர் வேலை என்று எழுதிவிட்டார்.

அன்று அவர் வீட்டுக்கு வந்து கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. செருப்பைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"திருட்டுத்தனமா ஒரு முறுக்குத் துண்டுகூட வாயில வைக்கல. ஒருத்தனும் நம்பமாட்டேங்கிறான். நீயாவது என்னை நம்புறியா?"

"நம்புறேங்க" என்றாள். இந்த உலகத்திலேயே அதை நிச்சயமாக நம்பக்கூடியவள் அவள் ஒருத்திதான். திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். மிஷினில் போய் உட்கார்ந்து, நேராக அடிக்கவேண்டிய தையலைக் கோணலாக அடித்தாள். தன்னைப் பார்த்தே அவளுக்கு வெறுப்பாக இருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மத்தியானம் அவளே கிளம்பிக் கட்டுமான இடத்துக்குப் போனாள். இறங்கச் சொல்லிப் பேசலாம் என்றால் அவர் சாயங்காலம்வரை இறங்கமாட்டார். அதுவரை காத்திருந்தால் தைரியம் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும்.

"அவர்கிட்ட பேசணும் தம்பி. அவசரம்."

"இதை அழுத்திப் பேசுங்க அண்ணி" என்று விசில் வாக்கி டாக்கியை நீட்டினான். அது எல்லாருக்கும் கேட்கும் என்று அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

"என்னங்க... நான்தான். உங்க சாப்பாட்டுல நான்தான் வெண்ணெய் போட்டேன். தினமும்."

மேலே கொக்கியில் தொங்கிய கம்பிக்கட்டு அப்படியே நின்றது. வெல்டரின் நெருப்புப்பொறி நின்றது. எங்கோ ஒருவன் இருமியது மட்டும் கருவியில் கேட்டது.

"எவ்வளவு?" என்றது ஆகாசம்.

"ஒரு கரண்டி. சில நாள் ரெண்டு. நீங்க பாவமா மென்னீங்க, என்னால பார்க்க முடியல. அப்புறம் நல்லா இருக்குன்னு சொன்னீங்க. அதைக் கேட்கணும்னே போட்டேன். தப்புதாங்க."

கருவியில் அவர் குரல் வெடித்தது. "எல்லாரும் கேட்டீங்கல்ல? நான் திருடித் தின்னல! கேட்டீங்கல்ல?" இடம் முழுக்கச் சிரிப்பு. சிரிப்பு அடங்கினதும் தணிந்த குரலில், "அப்போ அந்த ருசி?" என்றார்.

"வெண்ணெய்தாங்க."

"அடிப்பாவி" என்றார். அதில் கோபம் பாதி, துக்கம் பாதி.

டாக்டரம்மாவிடம் அவளே போய் ஒப்புக்கொண்டாள். டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டு, மறுபடி ரத்தம் பார்க்க ஆறு வாரம் கொடுத்தார். ஆனால் அதுவரை கீழேதான். ஆகாசம் ஸ்டோரில் உட்கார்ந்து ஆணி எண்ணினார். சாயங்காலம் வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் கழுத்தை நிமிர்த்திக் கிரேனைப் பார்த்துக்கொண்டே வருவதாக விசில் அவளிடம் சொன்னான்.

இந்தத் தடவை அவளும் அதே சாப்பாட்டில் உட்கார்ந்தாள். முதல் வாய் வைத்ததும், "ஐயையோ! இதையா எட்டு நாள் சாப்பிட்டீங்க?" என்றாள். அன்றுதான் அவளுக்கு ரோஷம் வந்தது. வெங்காயத்தை எண்ணெய் விடாமல் சிவக்க வதக்கிப் பார்த்தாள். தக்காளியைக் குழம்பாகச் சுண்டவிட்டாள். முழுப்பூண்டைச் சுட்டு நசுக்கினாள். வேர்க்கடலையை வறுத்து அரைத்தாள். இரண்டு தடவை தீய்ந்தது, ஒரு தடவை பசை மாதிரி வந்தது. "நல்லா இல்ல" என்று அவரும் ஒளிக்காமல் சொன்னார். சொல்லிவிட்டு முழுசாகச் சாப்பிட்டார்.

ஐந்தாம் வாரம் ஒரு நாள், சுட்ட கத்தரிக்காயும் கொண்டைக்கடலையும் போட்டு, எலுமிச்சை பிழிந்து வைத்தாள். இரண்டு வாய் சாப்பிட்டவர் கையை நிறுத்தினார்.

"இதுல என்ன போட்டே?"

"ஒண்ணும் போடலீங்க."

"உண்மையைச் சொல்லு."

எழுந்துபோய் ஃப்ரிட்ஜைத் திறந்து கீரைக்கட்டுக்குப் பின்னால் பார்த்தார். முட்டைக்கோஸுக்குப் பின்னால் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை வந்த விசிலும் ஒரு கரண்டி ருசி பார்த்துவிட்டு, "அண்ணி, மறுபடியுமா?" என்றான். அவள் சத்தியம் செய்தாள். யாரும் நம்பவில்லை. செய்யாத குற்றத்துக்குப் பழி சுமப்பது எப்படி இருக்கும் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. "எல்லாம் ரத்தத்துல தெரியும்" என்று சொல்லிவிட்டுப் பாத்திரத்தை டங்கென்று வைத்தாள்.

ரத்தத்தில் தெரிந்தது. முப்பத்தெட்டு புள்ளி இறங்கியிருந்தது. டாக்டரம்மா சீட்டில் கையெழுத்துப் போட்டு, நாளையிலிருந்து மேலே போகலாம் என்றார். வாசலுக்கு வந்ததும் ஆகாசம் சீட்டை மறுபடி படித்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"அப்போ அன்னிக்கு அந்தக் கத்தரிக்கா... நிஜமாவே உன் கைருசிதானா?"

நறுக்கென்று கேட்க அவள் ஒரு வாரமாக நாலு வார்த்தை சேர்த்து வைத்திருந்தாள். அதை விட்டுவிட்டுச் சீட்டை அவர் கையிலிருந்து வாங்கி, நாலாக மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"ஏய், அது இல்லாம கிரேன் ஏறவிடமாட்டாங்கடி. குடு."

"காலைல தர்றேங்க. இன்னிக்கு ஒரு நாள் என்கிட்ட இருக்கட்டும்."