இடது காது காட்டிப் பேசுகிறவள்

"கேஸ் சிலிண்டர் நாளைக்கு வந்துடுமாம்" என்று மனைவி ஜன்னலிடம் சொன்னாள். ஜன்னல் ஒன்றும் சொல்லவில்லை. மேசையில் தேநீரோடு உட்கார்ந்திருந்த கணவர்தான் "சரி" என்றார்.

நாலைந்து நாளாக இந்த வீட்டில் செய்திகள் இப்படித்தான் விநியோகமாகின்றன. தண்ணீர் மோட்டார் பழுதானதை அவள் குளிர்சாதனப் பெட்டியிடம் சொன்னாள். மகளுக்குத் தேர்வு தள்ளிப்போனதை நாட்காட்டியிடம் சொன்னாள். கணவருக்குக் கிடைத்ததெல்லாம் அவளுடைய இடது காது. நல்ல காதுதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இருபது வருஷக் குடித்தனத்தில் அதை இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய அவசியம் அவருக்கு வந்ததில்லை. மடலின் விளிம்பில் ஒரு சின்ன மச்சம் இருப்பதே இப்போதுதான் தெரிந்தது.

ஒரு மனுஷி எதிரே இருப்பவனுக்கு முகத்தைக் காட்டாமல் பேசுகிறாள் என்றால் கோபமாக இருக்க வேண்டும். கோபமாக இருந்தால் தேநீரில் சர்க்கரை குறைந்திருக்கும். குறையவில்லை. அப்படியென்றால் மிச்சம் ஒரே காரணம்தான். அவர் தேநீர்க் கோப்பைக்குள் மெல்ல "ஹா" என்று ஊதி, அவசரமாக மோந்து பார்த்தார். தேநீர் வாசம் வந்தது.

அவருக்குத் தொழில் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பது. கடையிலும் தெருவிலும் "ஒண்ணா-ரெண்டா" என்றால்தான் தெரியும். வாடிக்கையாளரின் மூக்கில் சோதனைச் சட்டத்தை மாட்டி, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "ஒண்ணு தெளிவா, ரெண்டு தெளிவா?" என்று நாளைக்கு நாற்பது பேரிடம் கேட்டுக் கேட்டு வந்த பெயர். அந்நியர்களின் முகத்துக்கு முன்னால் ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துப் பிழைக்கும் மனிதருக்கு வாய் நாறுகிறது என்றால் அது சமையல்காரருக்குக் கை நடுங்குவது மாதிரி. ஆனால் பரிசோதனை அறையில் அவர் எப்போதும் முகக்கவசம் போட்டிருப்பார். ஆகவே நாளைக்கு நாற்பது பேர் வந்தும் சாட்சி என்று ஒருவர்கூட இல்லை.

தானே விசாரிக்கத் தொடங்கினார். உள்ளங்கையில் ஊதிப் பார்த்தார். மணிக்கட்டை நக்கி, பத்து எண்ணிவிட்டு மோந்து பார்த்தார். காலி பிளாஸ்டிக் பைக்குள் மூச்சுவிட்டு, வாயைக் கட்டி, சற்று நேரம் நடந்துவிட்டு வந்து, வெளியாள் மாதிரி திறந்து பார்த்தார். பலனில்லை. வாயும் மூக்கும் ஒரே முகத்தில் அக்கம்பக்கத்தில் குடியிருப்பவை. ஒன்றை ஒன்று காட்டிக்கொடுக்காது.

கடையின் பின்கட்டில் வில்லை தேய்க்கிற ஊழியர் எல்லா நோய்க்கும் வீடியோ பார்த்து வைத்திருப்பவர். அவரிடம் ஒண்ணா-ரெண்டா மத்தியானம் போய் நின்றார்.

"என் ஃபிரெண்டு ஒருத்தருக்கு வாயில கொஞ்சம் வாடை."

"உங்களுக்கு ஏதுண்ணே ஃபிரெண்டு?"

"இருக்காரு. உனக்குத் தெரியாது."

"சரி, அந்த ஃபிரெண்டு உங்க வயசா? உங்க உயரமா?" தேய்ப்பவர் இயந்திரத்தை நிறுத்தினார். "நாக்குதாண்ணே வில்லன். எல்லாரும் பல்லை விளக்கிட்டு நாக்கை விட்டுடுவாங்க. அடி நாக்கு வரைக்கும் வழிக்கச் சொல்லுங்க. பல்லிடுக்குல நூல் விடச் சொல்லுங்க. உப்புத் தண்ணில கொப்பளிக்கணும். தண்ணி நிறையக் குடிக்கணும், வாய் காயக் கூடாது. கிராம்பை மெல்லச் சொல்லுங்க, ஆனா அது சும்மா போர்வை மாதிரி, உள்ள இருக்கறது உள்ளயேதான் இருக்கும். ஒரு மாசத்துல போகலேன்னா பல் டாக்டரப் பாக்கச் சொல்லுங்க. ஃபிரெண்டைத்தான் சொல்றேன்."

"சொல்றேன். எங்கிட்ட எதாவது வருதா?"

"நீங்க மாஸ்க் போட்டிருக்கீங்க."

"கழட்டவா?"

"வேணாம்ணே, எனக்கு வேலை இருக்கு" என்று சொல்லி இயந்திரத்தை மறுபடி ஓட விட்டார். இதிலிருந்து எந்த முடிவுக்கும் வர முடியவில்லை. அதனால் அவர் மோசமான முடிவுக்கே வந்தார்.

வீட்டு வைத்தியம் குளியலறையில் ரகசியமாகத் தொடங்கியது. நாக்கு வழிப்பான் சவரப் பெட்டிக்குள்ளும் பல்லிடுக்கு நூல் பழைய காலுறைக்குள்ளும் ஒளிந்தன. முதல் நாள் அடி நாக்கை எட்டிப் பிடித்தபோது கண்ணில் நீர் முட்டியது. இரண்டாம் நாள் குடல் முட்டியது. மூன்றாம் நாளுக்குள் கை பழகிவிட்டது. உப்புத் தண்ணீரைத் தொண்டையில் நிறுத்தி, கூரையைப் பார்த்து, முப்பது எண்ணுகிற வரை கரகரவென்று உருட்டினார். வெளியே மகள் கதவைத் தட்டினாள்.

"அப்பா, கச்சேரி எப்போ முடியும்? எனக்குக் காலேஜுக்கு நேரமாச்சு."

"தொண்டைக் கட்டும்மா."

"தொண்டைக் கட்டுக்கு எதுக்குப்பா குளியலறை பூரா கிராம்பு வாசனை? உள்ள ஏதாவது சமைக்கிறீங்களா?"

பத்து நாள் ஆயிற்று. மனைவியின் முகம் ஒரு பாகைகூடத் திரும்பவில்லை. நேரடியாகக் கேட்டுவிடலாம்தான். ஆனால் கேள்விகேட்டே பிழைப்பவருக்குத் தெரியும், கேட்டால் ஜனங்கள் உண்மை சொல்வதில்லை. பாதிப் பேர் பரிசோதகர் மனம் நோகக் கூடாதே என்று "ரெண்டு தெளிவா இருக்குங்க" என்று சொல்வார்கள். அதற்கு அவரிடம் ஒரு பொறி உண்டு. சட்டத்தில் இருக்கும் வில்லையை எடுத்து, மாற்றுவதுபோல் சத்தம் செய்து, அதே வில்லையைத் திரும்பப் போட்டு, "இப்போ?" என்பார். "ஆ, இப்போ பரவாயில்லைங்க" என்றால் அது மரியாதைக் கண். அந்த ஆள் சொல்வதை அதற்குப் பிறகு அவர் நம்புவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், துண்டு மடித்துக்கொண்டிருந்த மனைவியிடம் வந்து நின்றார். "கடையில ரெண்டு பற்பசை சாம்பிள் குடுத்தாங்க. எது தேவலைன்னு நீதான் சொல்லணும்." உள்ளே போய் வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு வந்து "ஒண்ணு" என்று ஊதினார். மறுபடி உள்ளே போனார். மறுபடி வெறும் தண்ணீர். "ரெண்டு."

அவள் மடித்த துண்டால் பாதி முகத்தை மூடிக்கொண்டு, அவரையே உற்றுப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஏதோ அடிபட்டது மாதிரி இருந்தது. பிறகு துண்டுக்குள்ளிருந்து, "ரெண்டு தேவலை" என்றாள்.

மரியாதை மூக்கு! இருபது வருஷம் கூட வாழ்ந்தவள் பொய் சொல்லிக் காப்பாற்றுகிற அளவுக்கு அது முற்றிப்போயிருக்கிறது.

புதன்கிழமை காலுறை தேடப்போய், அலமாரியில் குளிர்காலப் போர்வைகளுக்குப் பின்னால் ஒரு பச்சைப் புட்டியைக் கண்டெடுத்தார். வாய் கொப்பளிக்கிற மருந்து. முத்திரை உடைந்திருந்தது. தனக்காக வாங்கிவிட்டு, எப்படிக் கொடுப்பது என்று தவிக்கிறாள் போல என்று நினைத்தபோது நெஞ்சு கொஞ்சம் இளகியது. ஆனால் அவருக்கென்று வாங்கியது ஏன் முக்கால் புட்டியாக இருக்க வேண்டும்? சட்டைப் பையிலிருந்து வில்லையில் மையம் குறிக்கிற பேனாவை எடுத்து, திரவம் நிற்கிற இடத்தில் ஒரு மெல்லிய கோடு போட்டுவிட்டு, இருந்த மாதிரியே வைத்தார். மறுநாள் திரவம் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. அடுத்த நாள் இன்னும் கீழே. அங்கே மூன்றாம் கோட்டைப் போட்டார்.

சந்தேகம் என்பது வாசனை மாதிரியேதான், எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று சொல்ல முடியாது. மனைவி இப்போது தபால் நிலையத்தில் முகப்புக் கவுன்டரில் இருப்பவள். அவளுக்கும் ஜனங்களுக்கும் நடுவே அரை அங்குலக் கண்ணாடி. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவள், புருஷனுக்கு முகத்தையே காட்டாதவள், யாருக்காகத் தினமும் காலையில் வாயை மணக்க வைத்துக்கொண்டு கிளம்புகிறாள்? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு இல்லை. இந்தப் பக்கம் இருப்பவருக்கு. போன மாதம் புது மேலதிகாரி ஒருவர் வந்திருப்பதாக அவள் சொன்னது ஞாபகம் வந்தது. நல்ல மனுஷர் என்றும் சொன்னாள். அப்போது சாதாரணமாகக் கேட்டுக்கொண்ட வாக்கியம் இப்போது முள்ளாக முளைத்தது.

சனிக்கிழமை அரை நாள் விடுப்பு போட்டுவிட்டுத் தபால் நிலையத்துக்குப் போனார். முகக்கவசத்தோடு தூணுக்குப் பின்னால், பணவிடைப் படிவம் ஒன்றைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றார். வரிசையில் ஒரு கிழவர் கண்ணாடியின் ஓட்டையில் வாயை வைத்து ஏதோ கேட்டார். மனைவி உள்ளங்கையால் வாயை மறைத்துக்கொண்டு, தபால் தலை டப்பாவிடம் பதில் சொன்னாள். கிழவர் "என்னம்மா?" என்றார். மறுபடியும் டப்பாவிடம் சொன்னாள். அடுத்து ஒரு பெண். அவளுக்கும் கை, அவளுக்கும் டப்பா. பிறகு பின்னாலிருந்து மேலதிகாரி ஒரு பேரேட்டோடு வந்து குனிந்தார். ஒண்ணா-ரெண்டா தூணுக்கு வெளியே தலையை நீட்டினார். மனைவி நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு, சுவரோரம் ஒண்டி, மேலதிகாரிக்கும் இடது காதையே காட்டினாள்.

அவருக்கு முதலில் வந்தது நிம்மதி. அது இரண்டு விநாடி நீடித்தது. மூன்றாவது விநாடியில், தான் இத்தனை நாளாக வேறொருவருடைய நோய்க்கு மருந்து தின்றுகொண்டிருந்தோம் என்பது புரிந்தது. அவள் யாருடைய வாயிலிருந்தும் தப்பவில்லை. தன் வாயை எல்லோரிடமிருந்தும் ஒளித்துக்கொண்டிருக்கிறாள்.

சாயங்காலம் மனைவி வந்ததும் பச்சைப் புட்டியை மேசை நடுவே வைத்தார். அவள் முதலில் புட்டியையும், பிறகு அதன்மேல் படிக்கட்டு மாதிரி இறங்கிய மூன்று கோடுகளையும் பார்த்தாள்.

"கோடு வேற போட்டீங்களா?" என்று கையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டாள். "அளந்து பாக்கற அளவுக்கு வந்தாச்சா? அன்னைக்குப் பற்பசைன்னு வந்து மூஞ்சில ஊதினீங்களே, அப்பவே புரிஞ்சுது. நீயும் இப்படி விளக்குடின்னு குத்திக் காட்டத்தானே?"

"அய்யோ, அது எனக்கு! எனக்கு நாறுதோன்னு!"

"உங்களுக்கு என்ன வந்துது? நீங்கதானே மூஞ்சியத் திருப்பினீங்க."

"நானா? எப்போ?"

"எங்க புது ஆபீசர் வந்த வாரம், சனிக்கிழமை. அவர் என்னை முகப்புக்கு மாத்தினாருன்னு சொல்ல ஓடி வந்தேன். உங்க தோள்ல கைவச்சு வாயத் திறந்தேன். கதவச் சாத்தற மாதிரி சடார்னு அந்தப் பக்கம் திரும்பிட்டீங்க." புட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு. யாராவது சொல்லித்தான் தெரியணுமா என்ன?"

அவர் அந்தச் சனிக்கிழமையைத் தேடினார். கடை, மத்தியானம், தேய்ப்பவர் பங்கு போட்ட சாப்பாடு. கிடைத்துவிட்டது.

"வெங்காயம்! அன்னைக்குப் பச்சை வெங்காயம் தின்னிருந்தேன். ஒண்ணு முழுசா. உனக்கு அடிக்கக் கூடாதேன்னுதான் திரும்பினேன்."

அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. ஆனால் சொல்லி முடித்தபோது அது எவ்வளவு கச்சிதமாக, எவ்வளவு சமயத்துக்கு உதவுகிற பொய் மாதிரி இருக்கிறது என்பது அவருக்கே கேட்டது.

"மூணு வாரம் கழிச்சு வெங்காயமா?" என்றாள். "இதை எப்ப யோசிச்சீங்க, வர்ற வழியிலயா?"

"சத்தியமா."

"எனக்குத் தெரியும் உங்களை. மனசு நோகக் கூடாதுன்னா எதையும் சொல்லுவீங்க."

உள்ளறையிலிருந்து மகள் தலையை நீட்டினாள். "வீட்ல ரெண்டு பேரும் தனித்தனியா கொப்பளிச்சிட்டிருந்தீங்களா? அதான் தண்ணித் தொட்டி தினம் காலியாச்சா?" இருவரும் ஒரே சமயத்தில் "உள்ள போ" என்றார்கள். தலை உள்ளே போயிற்று. சிரிப்புச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கதவுக்கு வெளியே நின்றது.

மனைவி நாற்காலியை இழுத்து, அவருக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள். வாயிலிருந்து கையை எடுத்தாள். மூன்று வாரத்துக்குப் பிறகு முழு முகம். கீழுதடு லேசாக வெடித்திருந்தது. மருந்தைக் கொப்பளித்துக் கொப்பளித்துக் காய்ந்திருக்க வேண்டும்.

"பாத்துச் சொல்லுங்க. உள்ளதைச் சொல்லுங்க. இருந்தா இருக்குன்னு சொல்லுங்க, டாக்டர்கிட்டப் போறேன். திங்கக்கிழமை ஜனங்க மூஞ்சியப் பாத்துப் பேசலாமா கூடாதான்னு எனக்குத் தெரியணும். உங்களை விட்டா வேற யார்கிட்டக் கேப்பேன்?"

அவர் தன் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். ஒரு சாண். ஆயிரம் முகங்களுக்கு முன்னால் பழகிய தூரம்தான். இருந்துவிட்டால் என்ன சொல்வது? இல்லாவிட்டால், இல்லை என்று சொன்னால் நம்புவாளா?

"மூச்ச அடக்கிட்டிருக்கீங்க" என்றாள்.

"இல்லியே."

"மூக்கு அசையல."

அவர் அடக்கியிருந்ததை வெளியே விட்டார். அவள் முகத்தைத் திருப்பாமல் அதை வாங்கிக்கொண்டாள். பிறகு வாயை அகலத் திறந்து, தொண்டையின் அடியிலிருந்து, மூன்று வாரமாகத் தேக்கி வைத்ததையெல்லாம் சேர்த்து "ஹா" என்றாள். அவர் மூச்சை நன்றாக உள்ளே இழுத்தார். அவருடைய கண்ணாடியின் இரண்டு வில்லைகளும் ஒரே சமயத்தில் ஆவி படிந்து வெள்ளையாகிவிட்டன. உதடும் மூக்கும் கண்களும் கரைந்துபோய், எதிரே வெதுவெதுப்பான ஒரு வெண்மை மட்டும் இருந்தது. அதற்குள்ளிருந்து "சொல்லுங்க" என்றது அவள் குரல். அவர் துடைக்கக் கையைத் தூக்கவில்லை. வெண்மை விளிம்பிலிருந்து மெல்ல விலக, முதலில் அவளுடைய வெடித்த கீழுதடு தெரிந்தது. அது இன்னும் திறந்தே இருந்தது.