விருதை வாங்க ஒரு கை

1

இந்தக் கதை ஒரு தொலைபேசி அழைப்பில் பிறந்தது. அழைப்பு வந்தது எனக்கு. வசதிக்காக அதை அவனுக்கு மாற்றிவிடுகிறேன்.

அவன் பெயர் பான் போசென். தைவானின் தைனான் நகரத்தில் ஒரு விதை நிறுவனத்தில் பொட்டலங்களின் பின்பக்க வாசகங்களை எழுதுகிறவன். "வெயில் வேண்டும். தண்ணீர் தேங்கக் கூடாது. நெருக்கமாக விதைக்காதீர்கள்." இதற்குச் சம்பளம் தருகிறார்கள். அவன்தானே நீ என்று கேட்பீர்கள். இல்லை. அவன் என்னைவிட இரண்டு விரற்கடை உயரம்.

தொடங்கிப் பார்த்தவை:

"மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது." பெய்யவில்லை. அடித்தாயிற்று.

"மனைவியை இழந்து இன்னும் ஓராண்டு நிறையாத ஒருவன், ஜன்னலோரம்—" இதைப் படித்ததுமே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்கிறீர்கள். நிமிருங்கள். இது விருது விழாக் கதை.

"கைபேசி அடித்தது." இது பரவாயில்லை.

2

கைபேசி அடித்தது.

"பான் சாருங்களா? சுகாதார அறிவியல் கல்லூரி, முன்னாள் மாணவர் மையத்துலேருந்து சியூ பேசறேன். ரொம்ப நல்ல சேதி சார். இந்த வருஷச் சிறந்த முன்னாள் மாணவர் விருதுக்கு உங்க மனைவி லியாவ் மின்ரூவைத் தேர்ந்தெடுத்திருக்கோம். அவங்க நம்பர் போகல. கொஞ்சம் குடுக்கறீங்களா?"

"இல்ல."

"ட்யூட்டியா?"

"இல்ல. இறந்துட்டாங்க."

மறுமுனையில் ஒரு தாள் கீழே விழுந்தது. (தாள் விழும் சத்தம் கைபேசியில் கேட்குமா? கேட்காது. ஆனால் ஏதோ ஒன்று விழுந்தது.)

"ஐயோ சார். மருத்துவமனைலேருந்து பேரை அனுப்பினது போன வருஷம். குழு கூடினது இந்த வருஷம். நடுவுல யாரும் எங்களுக்கு—"

"நடுவுலதான்."

"புரியுது சார்." அவளுக்குப் புரிந்தது வேறு. குரலை இறக்கினாள். "ஒண்ணு சொல்லலாமா? வாசல்ல சிவப்புப் பதாகை கட்டியாச்சு. பேரெல்லாம் போட்டு."

"அப்ப இருக்கட்டும்."

"நீங்க வந்து வாங்கிப்பீங்களா?"

இந்த இடத்தில் அவன் கண் கலங்க வேண்டும். எழுதிப் பார்த்தேன். கலங்க மறுக்கிறான். வரேன் என்று சொல்லிவிட்டு, வெண்டை விதைப் பொட்டலத்துக்குத் திரும்பிவிட்டான்.

3

விழா மலருக்கு அவளைப் பற்றிச் சிறு குறிப்பு வேண்டும் என்று சியூ கேட்டாள். வகித்த பதவிகள், வெளியிட்ட கட்டுரைகள், கல்லூரிக்குத் தந்த நன்கொடை.

"பதவி?"

"இல்ல."

"கட்டுரை?"

"இல்ல."

"வெளிநாட்டு மாநாடு ஏதாவது போயிருப்பாங்களே சார்."

"ஓக்கினாவா போனோம்."

"அருமை. என்ன மாநாடு?"

"தேனிலவு."

சியூ எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றிருக்க வேண்டும். "அப்ப என்னதான் சார் செஞ்சாங்க?" என்றாள். கிண்டலாக இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

மின்ரூ மூச்சு சிகிச்சையாளர். வாரக்கணக்கில் செயற்கை மூச்சில் கிடப்பவர்களை இயந்திரத்திலிருந்து பிரித்து, தாமாக மூச்சுவிடப் பழக்குவது வேலை. பலருக்குப் பயம். நெஞ்சு மறந்துபோயிருக்கும். மின்ரூ அவர்களிடம் மட்டமான நகைச்சுவைகளைச் சொல்வாள். மிக மட்டமானவை, இங்கே ஒன்றைக்கூட எழுத முடியாது. தொண்டையில் குழாய் வைத்தவர் சிரித்தால் சத்தம் வராது. தோள் மட்டும் குலுங்கும். தோள் குலுங்கியவருக்கு மறுநாள் இயந்திரத்தின் உதவியைக் கொஞ்சம் குறைத்துப் பார்ப்பாள். அவள் கையால் வீட்டுக்கு நடந்து போனவர்கள் நிறைய. அவர்கள் யாரும் கட்டுரையில் இல்லை.

குறிப்பை அவனே எழுதினான். பழக்க தோஷம், பொட்டல வாசகம் போலவே வந்தது: "மூச்சுவிட மறந்தவர்களுக்கு மறுபடி கற்றுக்கொடுத்தார். சிரிக்கவைத்தார்."

(அவள் எப்படி இறந்தாள் என்று ஒரு பத்தி இங்கே வர வேண்டும். "அன்று செவ்வாய். பணிக்குக் கிளம்பி, ஒரு காலில் ஷூவை மாட்டிக்கொண்டு, மூளையில் ஒரு ரத்தக்குழாய்—" இந்த வாக்கியம் இப்படியே இருக்கட்டும். முடித்தால் நன்றாக வராது.)

4

மறுபடி சியூ. இந்த முறை கிசுகிசு.

"சார், ஒரு சின்ன சிக்கல். உங்களுக்கு வருஷ சடங்கு முடிஞ்சுதா?"

"இன்னும் இல்ல. விழாவுக்கு அப்புறம் வருது."

"அதான் சார். துக்கத்துல இருக்கவங்க சந்தோஷ மேடையில ஏறினா... எனக்கொண்ணும் இல்ல. விருது வாங்கற மத்தவங்க யோசிக்கறாங்க. குவோ தலைவர் அடுத்த மாசம் புது முதியோர் பராமரிப்பு இல்லம் திறக்கறாரு. அவருக்கும் விருது. உங்க பக்கத்து இடம்."

"நான் வரல. விடுங்க."

"அப்படிச் சொல்லாதீங்க சார். வழி யோசிச்சிருக்கோம். நீங்க திரைக்குப் பின்னாடி நின்னுக்குங்க. பேரைக் கூப்பிட்டதும் கையை மட்டும் வெளிய நீட்டுங்க. முதல்வர் கையில வச்சிடுவாரு."

"கையை மட்டும்."

"முழுக்கைச் சட்டையா போட்டுட்டு வாங்க. நல்லா இருக்கும்."

அவன் கையிலிருந்த விதைப் பொட்டலத்தைத் திருப்பி வைத்தான்.

"இல்லன்னா கூரியர்ல அனுப்பிடறோம் சார். கண்ணாடி, ஆனா நல்லா சுத்தி அனுப்புவோம்."

ஆக, இந்தக் கதையின் பிரச்சினை இதுதான். மின்ரூவின் விருதை மேடையில் அவளுடைய ஆள் ஒருவன் நின்று வாங்குவானா, அல்லது அது குமிழித் தாளில் சுற்றப்பட்டு, கீழ்த்தளக் காவலாளியின் மேசையில் வந்து கிடக்குமா. போசென் தனக்கு இரண்டும் ஒன்றுதான் என்கிறான். நான் நம்பவில்லை. அன்று மாலை அவன் முழுக்கைச் சட்டை இருக்கிறதா என்று அலமாரியைத் திறந்து பார்த்தான்.

5

குவோவை வில்லனாக்கப் பார்த்தேன். ஒத்துழைக்க மாட்டேன் என்கிறார். தினமும் யாராவது ஒருவர் கண்மூடும் தொழிலில் இருப்பவர் துக்கக்காரனைக் கண்டு பயப்படலாமா என்று ஒரு காரமான பத்தி எழுதி வைத்திருந்தேன். அதற்குள் அவரே போசெனைக் கூப்பிட்டுவிட்டார்.

"தம்பி, தப்பா எடுத்துக்காத. எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை கிடையாது. என் வீட்டம்மாதான் ஒரு மாதிரி."

பின்னாலிருந்து ஒரு பெண் குரல்: "எது, நானா? சோசியனைக் கேக்காம சாக்ஸ்கூடப் போட மாட்டாரு, என் தலையில போடறாரு பாரு."

"நீ உள்ள போ. தம்பி, நான் சொல்றது என்னன்னா, நீ வா. தாராளமா வா. கொஞ்சம் தள்ளி நில்லு."

"எவ்வளவு தள்ளி?"

குவோ உண்மையாகவே யோசித்தார். "ஒரு ஆள் இடம்," என்றார்.

காரமான பத்தியை எடுத்துவிட்டேன்.

6

மின்ரூவின் தாய் லியாவ் அம்மாள் பால்மீன் கஞ்சிக் கடை நடத்துகிறவர். தினமும் காலை வியாபாரம் முடிந்ததும் ஸ்கூட்டரில் கல்லூரி வாசலுக்குப் போய், பதாகையில் மகள் பெயர் காற்றில் சுருண்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவார். சுருண்டிருந்தால் வாயிற்காப்பாளரைத் திட்டுவார்.

"கூரியரா? அதென்ன மழைக்கோட்டா, வீட்டுக்கு வர?"

"நீங்க போய் வாங்கிக்குங்கம்மா. பெத்தவங்களுக்குத் துக்கத் தடை கிடையாதே."

"பெத்தவ பிள்ளைக்குப் பின்னாடி போகக் கூடாதுன்னு, அவளை எடுத்துட்டுப் போறப்ப என்னை வாசல் தாண்ட விடல. இப்ப மட்டும் ஜம்முனு முன்னாடி போய் நிக்கட்டுமா?" மீன் முள்ளை எடுத்துக்கொண்டே சொன்னார். "நீதான் நிக்கணும். வருஷ சடங்கை முன்னாடியே முடிச்சிடலாம். எத்தனை பேரு செய்யறாங்க. அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டாப் போதும்."

"அவ என்ன சொல்வா?"

"அதைத்தான் போய்க் கேப்போம்கிறேன். பொட்டலத்துல எழுதியா இருக்கும்?"

7

அஸ்திக் கலசங்களை அடுக்கிவைத்திருக்கும் கோபுரம். மூன்றாம் தளம். சனிக்கிழமை, நல்ல கூட்டம்.

லியாவ் அம்மாள் பொரித்த கோழியும் பால் தேநீரும் வாங்கி வந்திருந்தார். தேநீர்க் கோப்பையில் உறிஞ்சியைக் குத்திப் படையல் மேசையில் வைத்தார். குத்தாவிட்டால் அவள் எப்படிக் குடிப்பாள். பிறகு பிறைக்கட்டைகளைக்* கையில் எடுத்தார்.

"மின்ரூ, அம்மா வந்திருக்கேன். உன் வருஷ சடங்க சீக்கிரமே முடிச்சுக்கலாமா? இவன் மேடை ஏறணும்."

வீசினார். இரண்டும் தட்டை. சிரிப்பு.

அம்மாள் மேசையைப் பார்த்தார். "சர்க்கரை."

"என்ன?"

"முழுச் சர்க்கரை வாங்கிட்டேன். அவ பாதிதான் குடிப்பா. அதான் சிரிக்கறா. நீ கேளு."

போசென் கட்டைகளை வாங்கிக்கொண்டான். "கல்லூரி ஆண்டு விழாவை முன்னிட்டு, விருது பெறும் பொருட்டு, துக்க காலத்தை—"

"என்னடா இது, அரசாங்க அறிவிப்பு மாதிரி?"

வீசினான். சிரிப்பு.

"குவோங்கிறவரு பக்கத்துல ஒரு ஆள் இடம் விட்டு நிக்கட்டுமா?" சிரிப்பு.

பின்னால் ஒரு குடும்பம் காத்திருந்தது. அதிலிருந்த ஒரு பெண்மணி எட்டிப் பார்த்து, "உங்க ஆளு இன்னைக்கு நல்ல மூடுல இருக்காங்க போல," என்றார். "எங்க மாமனாரைக் கேட்டா எப்பவும் கூடாதுதான். உயிரோட இருக்கப்பவும் அப்படித்தான்."

(தொடர்ந்து மூன்று சிரிப்பு என்றால் வாசகர் நம்ப மாட்டார் என்று தெரியும். உண்மையில் ஐந்து. கதைக்காகக் குறைத்தேன்.)

"இங்க பாரு," என்றார் லியாவ் அம்மாள். "நீ வாய்விட்டுக் கேக்காத. மனசுக்குள்ள கேளு. என் முன்னாடின்னா அவ இப்படித்தான் ஆட்டம் காட்டுவா. சின்ன வயசுலேருந்தே." சொல்லிவிட்டு, கோழிப் பொட்டலத்தைச் சரிசெய்கிற சாக்கில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

போசென் கண்ணை மூடினான். கட்டைகள் கைக்குள் வெதுவெதுப்பாகிவிட்டிருந்தன. கேட்டான். வீசினான்.

ஒன்று தட்டை. ஒன்று புடைப்பு.

அம்மாள் அதற்குள் கைபேசியை எடுத்துவிட்டார். "சியூவா? எங்க மின்ரூ சரின்னுட்டா. ஒரே தடவையில."

போசென் திருத்தவில்லை. கட்டைகளைப் பொறுக்கக் குனிந்தவன் எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பின்னால் இருந்த குடும்பம் அவசரப்படுத்தவில்லை. தரை வழவழப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

* அரை நிலா வடிவில் இரண்டு மரத்துண்டுகள், சிவப்புச் சாயம். ஒருபுறம் தட்டை, மறுபுறம் புடைப்பு. தட்டை ஒன்று, புடைப்பு ஒன்று மேலே தெரிந்தால், ஆம். இரண்டும் புடைப்பு என்றால், கூடாது. இரண்டும் தட்டை என்றால் கேட்கப்பட்டவர் சிரிக்கிறார். பதில் கிடையாது, கேள்வியைத் திருத்தி மறுபடி கேட்க வேண்டும். பதிப்பாசிரியர்களும் இப்படித்தான். ஆனால் அவர்கள் சிரிப்பதில்லை.

8

சடங்கை மறுநாளே முடித்தார்கள். விழா நாளில் போசென் மேடை ஏறினான். முழு உடம்போடு.

தொகுப்பாளர் குறிப்பை வாசித்தார். "மூச்சுவிட மறந்தவர்களுக்கு அயராது மறுபடி கற்றுக்கொடுத்தார்." அயராது என்பது சியூ சேர்த்தது. மின்ரூ நன்றாகவே அயர்வாள். பேருந்தில் இருக்கை கிடைத்தால் அடுத்த நிறுத்தத்துக்குள் தூங்கிவிடுவாள். சிரிக்கவைத்தார் என்பதைக் காணோம். விருதுக்கு அது அவ்வளவாகப் பொருந்தவில்லையாம்.

ஒலிபெருக்கியில் அவள் பெயர் கேட்டது. முதல்வர் கண்ணாடிக் கேடயத்தை நீட்டினார். போசென் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். கீழே முதல் வரிசையில் லியாவ் அம்மாள் சிவப்புக் கோட்டில் உட்கார்ந்து, பக்கத்து இருக்கைக்காரரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். படம் எடுக்கும்போது குவோ தானாக நகர்ந்து வந்து, கை குலுக்கினார். மற்றொரு கை சட்டைப் பைக்குள் எதையோ இறுகப் பிடித்திருந்தது.

கதை இங்கே முடிந்திருக்கலாம். விருது கிடைத்தது, அம்மாள் மகிழ்ந்தார், யாரும் கூரியருக்குக் காத்திருக்கவில்லை. ஆனால் ஒரு விஷயம் இடிக்கிறது. அன்று மூன்றாம் தளத்தில் அவன் என்ன கேட்டான்?

9

எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். எழுதிப் பார்த்தவற்றை மட்டும் தருகிறேன்.

(அ) "நான் மேடை ஏறட்டுமா?" லியாவ் அம்மாள் நம்புவது இது. கல்லூரி நம்புவதும். குவோவுக்கு இது தவிர வேறெதையும் சொல்லிவிடாதீர்கள்.

(ஆ) "உன் ஷூவை எடுத்து உள்ளே வைக்கட்டுமா?"

(இ) "இத்தனை நேரம் சிரித்தது நீதானா?" இதை அடிக்க வேண்டும் என்று இரண்டு முறை பேனாவை எடுத்தேன்.

முதல் கேள்வி என்றால் அவன் அனுமதியோடு மேடையில் நின்றான். மற்றவை என்றால் அவன் இன்னும் துக்கக்காரன். மின்ரூவைக் கேட்காமலே, மாமியாரையும் கல்லூரியையும் ஏமாற்றி, ஒரு சந்தோஷ மேடையில் திருட்டுத்தனமாக நின்று அவள் விருதை வாங்கினான். எதுவானாலும் அந்தப் படத்தில் அவன் முகம் ஒரே மாதிரிதான் இருக்கிறது. பார்த்துவிட்டேன்.

உங்களுக்கு ஓர் இடம் விட்டிருக்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள். ஒரே நிபந்தனை: பதில் ஏற்கெனவே விழுந்துவிட்டது, ஆம் என்று. அதைத் தாங்கக்கூடிய கேள்வியாகப் பார்த்துக் கேளுங்கள்.

(ஈ)