கனகாம்பரப்பட்டி வேகத்தடை

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோபத்தோடு எழுதக்கூடாது, ஆறப்போட்டு எழுத வேண்டும் என்பார்கள். ஆறப்போட்டுப் பார்த்தேன். ஆறவில்லை.

2006ஆம் ஆண்டு கோடையில், திண்டுக்கல்லில் உறவுக்காரப் பிள்ளை மாதா கோயிலில் முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்து. என் அத்தை மகன் ஸ்தனிஸ்லாஸ் எனக்கு எதிர்ப்பந்தியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்க்காமல், ஆனால் எனக்குக் கேட்கும்படியாகச் சொன்னார்.

"நம்ம ரோட்டுக்கு இம்புட்டு வேகமான காரு எதுக்குன்னு கேக்குறானுங்க. நான் திருப்பிக் கேக்குறேன், இந்தக் காருக்கு இப்படி ஒரு ரோடு எதுக்கு? மாத்த வேண்டியது ரோட்டத்தான?"

பந்தி முழுக்கச் சிரித்தது. பிரியாணி பரிமாறிக்கொண்டிருந்தவர்கூட வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். நான் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டேன். அவர் ஏற்கெனவே ஒருமுறை ரோட்டை மாற்றியிருக்கிறார். மாற்றிய இடம் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கு நேர் முன்னால்.

வீட்டுக்குப் போனதும் பேனாவை எடுத்தேன்.

2

முதல் தொடக்கம்: "மஞ்சள் சிறுத்தையொன்று செம்பட்டிச் சாலையில் சீறிப் பாய்ந்து வந்த அந்த—"

அடித்துவிட்டேன். கார் சிறுத்தை இல்லை. சிறுத்தைக்குப் பசிக்கும், அதனால் ஓடுகிறது.

இரண்டாம் தொடக்கம்: "பணத்திமிர் தலைக்கேறிய மில் முதலாளி ஒருவர்—"

இதையும் அடித்துவிட்டேன். அவர் வெறும் திமிர் பிடித்தவராக இருந்திருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பேன். கதை எதற்கு?

ஆகவே நேராகச் சொல்கிறேன். ஸ்தனிஸ்லாஸ் அத்தான் எண்பதுகளின் நடுவிலிருந்து லாரி ஓட்டினார். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளியும் முருங்கைக்காயும் ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குப் போவார். காய் அழுகுவதற்குள் போய்ச் சேரவேண்டும். வண்டியோ மேட்டில் நகராது. பிறகு சொந்தமாக ஒரு லாரி, அப்புறம் நான்கைந்து, அப்புறம் ஒரு நூல் மில். எல்லாம் அவரே உழைத்துச் சம்பாதித்தது. என் அப்பா படுத்த படுக்கையானபோது மதுரை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தவர் அவர்தான். (இந்த வாக்கியத்தை வைப்பதா எடுப்பதா என்று யோசித்தேன். வைத்தால் என் கோபத்தின் கூர் மழுங்குகிறது. எடுத்தால் பொய்யாகிறது. இருக்கட்டும்.)

2005இல் அந்தக் காரை வாங்கினார். வெளிநாட்டுக் கார். கம்பெனிப் பெயர் சொல்ல மாட்டேன், அவர்களுக்கு என் கதையில் விளம்பரம் வேண்டாம். மஞ்சள் நிறம். ஆள் நின்றால் கூரை இடுப்புயரம்தான் வரும். இரண்டே சீட். மனைவியையும் மகளையும் ஒன்றாகப் பூசைக்குக் கூட்டிப்போக முடியாது. மழைநாளில் எடுக்க முடியாது, வயிற்றில் தண்ணீர் ஏறிவிடும். மார்க்கெட் பக்கம் கொண்டுபோக முடியாது, தள்ளுவண்டிக்காரன் உரசிவிடுவான்.

என்னையும் ஒருநாள் ஏற்றிக்கொண்டு போனார். ஊரைத் தாண்டும்வரை ஒரு வைக்கோல் வண்டிக்குப் பின்னால் போனோம். அப்புறம் ஒரு மினிபஸ். அப்புறம் ஆட்டுமந்தை. ஒரே ஓரிடத்தில் சாலை காலியாக விரிந்தது. காலை அழுத்தினார். என் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. புளியமரங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பச்சைச் சுவராகிவிட்டன. எனக்குச் சிரிப்பு வந்தது. பிடித்திருந்தது. ஏன் மறைக்கவேண்டும்?

"பாத்தியா அறிவு? இருபது வருசம் டீசல் புகைக்குப் பின்னாடியே போனவன் நான். செத்த நேரமாச்சும் முன்னாடி ஒருத்தனும் இல்லாம போகணும்ல?"

அந்த ஆசை எனக்குப் புரிந்தது. இன்றும் புரிகிறது. அடுத்த வளைவில் சைக்கிளில் தண்ணீர்க்குடம் கட்டிக்கொண்டு ஒருவர் வந்தார். அத்தான் பிரேக் அடித்தார். கார் அப்படியே நின்றது. "என்னா பிரேக்கு பாரு!" என்று பூரித்துப்போனார். அந்த சைக்கிள்காரரோ சாலையை விட்டு இறங்கி முள்ளுக்குள் நின்றுகொண்டிருந்தார். ஒரு குடம் சரிந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. என் சிரிப்பு அங்கேயே நின்றது.

3

(இங்கே கதையை நிறுத்திவிட்டு ஒரு கட்டுரை எழுதப்போகிறேன். பொறுக்காதவர்கள் அடுத்த பகுதிக்குப் போகலாம்.)

பொதுச்சாலை என்பதில் 'பொது' என்ற சொல் எதற்காக இருக்கிறது? எங்கள் பக்கத்தில் சாலை என்பது வண்டி போவதற்கு மட்டுமானதல்ல. சோளம் காய்கிறது. நாய் படுத்திருக்கிறது. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கும் பாதயாத்திரைக் கூட்டம் ஓரம் முழுக்கப் போகிறது, கைக்குழந்தையும் பையுமாக. பூக்கூடைக்காரிகள் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். இதெல்லாம் ஒழுங்கீனம் என்பார்கள் கார்க்காரர்கள். சரி, ஒழுங்கீனம்தான். ஆனால் இவர்கள் நிற்க வேறு இடம் எங்கே போட்டுக்கொடுத்தீர்கள்?

இந்தச் சாலையில் எந்த வேகத்தில் போகலாமோ அதைப் போல மூன்று மடங்கு ஓடுகிற எஞ்சினை வாங்கி வீட்டில் நிறுத்துகிறார் ஒருவர். சட்டப்படி போனால் மூன்றில் இரண்டு பங்கு அவருக்குப் பயனில்லை. பயன்படுத்தினால் சட்டப்படி போகவில்லை. இதற்கு நடுவே வேறு வழி கிடையாது. எத்தனை முறை யோசித்தும் எனக்குக் கிடைக்கவில்லை. 'என் காசு, என் கார்' என்பார்கள். கார் உங்களுடையது, ஐயா. அது நிற்பதற்கு எடுத்துக்கொள்ளும் தூரம் யாருடையது?

கட்டுரை முடிந்தது. கதைக்கு வருகிறேன்.

4

திண்டுக்கல்லுக்கும் செம்பட்டிக்கும் இடையில் கனகாம்பரப்பட்டி என்று ஓர் ஊர். (தேடாதீர்கள். பெயரை மாற்றியிருக்கிறேன். ஊரில் பூ விளைகிறது, அது போதும்.) ஊர் சாலைக்குத் தெற்கே, நான் வேலை பார்க்கும் பள்ளி வடக்கே. பிள்ளைகள் தினமும் சாலையைக் கடக்கவேண்டும்.

2004இல், நாலாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த தமிழ்மதியை ஒரு வேன் அடித்துவிட்டுப் போய்விட்டது. உயிர் தப்பினாள். இடதுகால் எலும்பு கூடியும் கூடாமலும் போனது. அவளுடைய அம்மா சிவனம்மாள் ஊர்ப் பெண்களைத் திரட்டிச் சாலையில் உட்கார்ந்தாள். பஸ்கள் நின்றன, அதிகாரிகள் வந்தார்கள், வாக்குக் கொடுத்தார்கள். சில மாதங்கள் கழித்துப் பள்ளிக்கு முன்னால் ஒரு வேகத்தடை போட்டார்கள். அதற்குப் பிறகு லாரிகள் அங்கே வந்து முனகிக்கொண்டு ஏறி இறங்கின. பிள்ளைகள் அந்த நேரத்தில் கடந்துவிடுவார்கள்.

மறு ஆண்டு அத்தானின் கார் அதில் வயிறு தட்டியது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் என்னிடம் சொன்னார்: "எருமை படுத்த மாதிரி போட்டுவச்சிருக்கானுங்க. அடியில அம்புட்டும் கீறிருச்சு."

"அது எங்க ஸ்கூலுக்கு முன்னாடி, அத்தான்."

"தெரியும். ஆளச் சொல்லியிருக்கேன். வழிச்சு எடுத்துருவானுங்க."

நான் நம்பவில்லை. அந்த வாரமே ஒரு நாள் காலையில் மூன்றாம் பாடவேளை நடக்கும்போது வெளியே இரும்பு உரசும் சத்தம். போய்ப் பார்த்தால் ஓர் இயந்திரம் வேகத்தடையைச் சுரண்டிக்கொண்டிருந்தது. யார் உத்தரவு என்று கேட்டேன். "மேல சொன்னாங்க டீச்சர்" என்றார் ஓட்டுநர். மேலே என்றால் எவ்வளவு மேலே என்று அவருக்கும் தெரியவில்லை. ஊரே உட்கார்ந்து வாங்கியதை ஒருவர் தொலைபேசியில் எடுத்துவிட்டார்.

அடுத்த நாளே ஊர்க்காரர் சடையாண்டியின் டிராக்டரில் செம்மண்ணும் சரளையும் வந்து இறங்கின. சிவனம்மாளும் மற்றப் பெண்களும் கொட்டி, தண்ணீர் தெளித்து, மிதித்து, பழைய வேகத்தடையைவிட உயரமாக ஒன்றை எழுப்பினார்கள். தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, "அறிவுச்செல்வி, நாம அரசாங்கச் சம்பளம் வாங்குறவங்க, அந்தப் பக்கம் போகாதீங்க" என்றார். நான் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனேன்.

மதியச் சாப்பாட்டு மணி அடித்த சமயம் மஞ்சள் கார் வந்தது. மண்மேட்டுக்கு முன்னால் நின்றது. அத்தான் இறங்கினார்.

"யாரும்மா ரோட்டுல மண்ணக் கொட்டுனது? சட்டப்படி தப்பு தெரியும்ல?"

சிவனம்மாள் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு வந்தாள். "போட்டுருந்தத பேத்தாங்களே சார், அது எந்தச் சட்டம்?"

"அளவு இல்லாம போட்டிருந்தானுங்க. வண்டி போக வேணாமா?"

"பஸ்ஸு போச்சு, லாரி போச்சு, மாட்டுவண்டி போச்சு. உங்க வண்டி ஒண்ணுதான் போகல."

அத்தான் கோபப்படவில்லை. லாரிக்காரராக இருந்தவர், சாலையில் பேசத் தெரிந்தவர். "இங்க பாரும்மா. நான் இருபது வருசமா ஓட்டுறேன். ஒரு கோழியக்கூட அடிச்சதில்ல. நிறுத்தணும்னா நிறுத்தத் தெரியும் எனக்கு."

"நீங்க நல்லா ஓட்டுவீங்க சார், இல்லங்கல. உங்களுக்காக ரோட்ட வழிச்சுவிட்டாங்கள்ல? அதுல வாரவன் அம்புட்டுப் பேருமா உங்கள மாதிரி ஓட்டுவான்?"

அத்தான் என் பக்கம் திரும்பினார். "அறிவு, நீயாச்சும் எடுத்துச் சொல்லு."

"அவங்க சொல்றது சரிதான், அத்தான்."

அவர் முகம் மாறியது. அதற்குள் காரைப் பார்க்கப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். தமிழ்மதியும் வந்தாள். காலை இழுத்து இழுத்து நடந்து, கார்க் கண்ணாடியில் முகத்தைப் பார்த்தாள். அத்தான் அவளுடைய காலைப் பார்த்தார்.

"என்னாச்சு பாப்பா காலுக்கு?"

"வேன் அடிச்சிருச்சு. இந்தா, இங்கதான்."

(என் முதல் வரைவில் இந்த இடத்தில் அவர் கண் கலங்கினார். அப்படி நடக்கவில்லை. நடந்தது கீழே.)

"ரோட்டப் பாத்துக் கடக்கணும்ல பாப்பா" என்றார்.

தமிழ்மதி அவரை நிமிர்ந்து பார்த்தாள். வகுப்பில் தெரிந்த கேள்விக்கு எழுந்து நிற்கிற குரலில் சொன்னாள்:

"பாத்துட்டுத்தான் சார் வந்தேன். நான் பாக்கயில அது இல்ல."

5

அத்தான் காரைத் திருப்பிக்கொண்டு போனார். அதோடு எங்கள் வீட்டுக்கு வருவதையும் நிறுத்திவிட்டார்.

நான் எழுதும் சிவனம்மாள் மீது எனக்குச் சந்தேகம் வந்தது. இவ்வளவு நன்றாகப் பேசுகிறாளே, நானே வாயில் வைத்துவிட்டேனோ? எழுதியதை எடுத்துக்கொண்டு அவளுடைய தோட்டத்துக்குப் போனேன். கனகாம்பரம் பறித்துக்கொண்டிருந்தாள். வாசித்துக் காட்டினேன்.

"நான் இதுக்கு மேலயும் ஏசினேன் டீச்சர். அதையெல்லாம் விட்டுட்டீங்க" என்றாள். (விட்டுவிட்டேன். பத்திரிகையில் அச்சிட மாட்டார்கள்.)

"முடிவு இன்னும் எழுதல" என்றேன்.

"என்ன எழுதப் போறீங்க?"

என்னிடம் மூன்று முடிவுகள் இருந்தன. ஒன்று, கார் புளியமரத்தில் மோதி அத்தான் கால் முறிந்து கிடக்கிறார். கனகாம்பரப்பட்டி ஆட்கள்தான் தூக்கிப் போகிறார்கள். இரண்டு, அவர் மனம் மாறி, காரை விற்று, தானே முன்நின்று வேகத்தடை போட்டுக்கொடுக்கிறார். மூன்று, மேடு இல்லாத ஒரு நாளில் வேறொரு வேகக்கார் வந்து ஒரு பிள்ளையை—

அவள் கையிலிருந்த பூவைக் கூடையில் போட்டாள்.

"எந்தப் பிள்ளைய?"

"கதையிலதான், சிவனம்மா."

"கதையிலயும் எந்தப் பிள்ளையன்னு சொல்லணும்ல? எம் பிள்ளையையா? சடையாண்டி மகளையா? ஏன் டீச்சர், எங்க ஊருல ஒண்ணு செத்தாத்தான் மேல இருக்கவுகளுக்கு உறைக்குமா? நொண்டினது பத்தாதா?"

எனக்குக் கோபம் வந்தது. அவள்மீது அல்ல. பிணம் விழுந்தால் மட்டும் அசைகிற அலுவலகங்கள் மீதும், பிணம் விழுந்தால் மட்டும் நிமிர்ந்து உட்கார்கிற வாசகர்கள் மீதும். உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மூன்றாவது முடிவில் வாக்கியம் பாதியில் நின்றபோது நீங்கள் மீதியை எதிர்பார்த்தீர்களா இல்லையா?

முதல் முடிவையும் கிழித்தேன். அத்தான் கால் முறிவதில் எனக்கு என்ன சந்தோஷம்? இரண்டாவதைக் கிழிக்கும்போது கை கொஞ்சம் தயங்கியது. அது நடக்கவேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது. நடக்கவில்லை.

6

நடந்தது இவ்வளவுதான். மண்மேட்டை அகற்ற ஒருமுறை ஆட்கள் வந்தார்கள். பெண்கள் அதன் மேல் உட்கார்ந்துகொண்டார்கள். வந்தவர்கள் போய்விட்டார்கள். தார் போட்டும் தரவில்லை. ஐப்பசி மழையில் மேடு கரையும், மறுபடி மண் கொட்டுவார்கள். வெயில் நாளில் டயர்களே அதைத் தேய்த்துவிடும், மறுபடி கொட்டுவார்கள். பூப்பறிப்பும் சமையலும் போக, இது அந்தப் பெண்களுக்கு இன்னொரு வேலையாகிவிட்டது. எந்த அதிகாரிக்கும் இதற்காக வெட்கமில்லை.

அத்தான் காரை வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் புதிதாகப் போடும் நான்குவழிச் சாலைப் பக்கம் ஓட்டிக்கொண்டு போவதாகக் கேள்வி. அந்தச் சாலைக்கு இரண்டு பக்கமும் ஊர்கள் இருக்கின்றன. அங்கேயும் ஒரு பக்கம் வீடும் மறுபக்கம் கிணறுமாக இருக்கும்.

முடிவை நான் எழுதப்போவதில்லை. என்னிடம் இல்லாததால் அல்ல. எந்த முடிவை எழுதினாலும் நீங்கள் பெருமூச்சு விட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள் என்பதால். உங்களில் யாராவது ஒருவர் என்றாவது செம்பட்டிச் சாலையில் வருவீர்கள். எந்தக் காராகவும் இருக்கட்டும். முன்னால் யாரும் இல்லாமல் சாலை விரியும். காலுக்குக் கீழே எஞ்சின் தயாராக இருக்கும். மேடு அந்த வாரம் இருக்கலாம், கரைந்தும் போயிருக்கலாம்.

பள்ளி நாலு மணிக்கு விடும்.