முன்வயலில் ஒரு பந்தல்

1.

இக்கதை ஓர் ஒலிபெருக்கி உரையிலிருந்து பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவதுதான் வாசகருக்குச் செய்யும் மரியாதை என்று கருதுகிறேன்.

விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறை நடத்தும் திரு. குருமூர்த்தி அவர்களின் அலுவலகத்தில் நான் பணிபுரிகிறேன். பெயர் சிவசங்கரி. முதுகலைத் தமிழ் படித்தவள் என்பதனால், அவர் தலைமையில் நடக்கவிருந்த ‘மண்ணும் மரபும்’ என்னும் உழவர் விழாவுக்கு உரை எழுதி வாசிக்கும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. மறுக்க இயலவில்லை. எனக்கு எதையுமே மறுக்கத் தெரியாது என்பதை இக்கதையின் போக்கில் தாங்களே காண்பீர்கள்.

உரை முழுவதும் எளிதாக வந்தது, ஒரு வாக்கியத்தைத் தவிர:

“தம் வயலை இவ்விழாவுக்காக அறுக்காமல் காத்து நிற்கும் திருமதி திரௌபதி அவர்கள்…”

அவர்கள் என்ன செய்தார்கள்? அதைத்தான் எழுத முடியவில்லை. முடிக்க முயன்று களைத்துப்போனேன். களைப்பில் இது கதையாகிவிட்டது. முதல் முயற்சி, பிழை பொறுத்தருள்க.

2.

தொடக்கங்கள் பல எழுதிப் பார்த்தேன். கைவிட்டவற்றையும் மறைக்காமல் இங்கே வைக்கிறேன்.

தொடக்கம் ஒன்று: “தை மாதத்து இளவெயிலில் பொன்னாய்த் தலைசாய்ந்திருந்த நெற்கதிர்கள்,” [போதும். இதை நான் எங்கோ படித்திருக்கிறேன். தாங்களும் படித்திருப்பீர்கள்.]

தொடக்கம் இரண்டு: “மரபென்பது யாது என்னும் வினா” [இது கட்டுரை. மன்னிக்கவும்.]

தொடக்கம் மூன்று: விழாத் திடலை உள்ளபடியே சொல்லிவிடுவது. மங்கலம்பேட்டை சாலையோரம், திரௌபதியின் வயலை ஒட்டிய தரிசில் கீற்றுக் குடிசை ஒன்று போட்டிருந்தார்கள். அதன் வாசலில் பீங்கான் பசு ஒன்றும் கன்று ஒன்றும் நின்றன. கம்பங்கூழுக்குக் காகிதக் குவளை. மாட்டு வண்டி வந்துவிட்டது, மாடு வரவில்லை. பானை வனைந்து காட்ட ஒப்புக்கொண்டவர் பட்டறையில் அச்சில் மண்குழம்பு ஊற்றுபவர். அவருடைய சக்கரத்தை மோட்டார்தான் சுற்றியது, அதன்மேல் சாக்கு போட்டு மூடியிருந்தார்கள்.*

* இவற்றைக் கேலியாகச் சொல்லவில்லை. அந்தச் சாக்கைப் போட்டு மூடியவர்களுள் நானும் ஒருத்தி.

மூன்றாம் தொடக்கத்தையே வைத்துக்கொள்கிறேன். அழகில்லை, ஆனால் அதில் நிற்க இடமிருக்கிறது.

3.

இப்போது திரௌபதியைப் பற்றி. இந்தப் பாத்திரத்தில்தான் எனக்கு ஐயம் மிகுதி.

அவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கலாம். கணவர் இறந்த பிறகு பங்கில் வந்த சாலையோர வயலைத் தாமே பயிரிடுகிறார். நடவும் அறுவடையும் போக மீதி நாள்களில் எங்கள் பட்டறையில் வேலை. அச்சிலிருந்து எடுத்த பொம்மையின் ஓரப் பிசிறுகளைக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைப்பவர் அவர். மகள் இனியா நர்சிங் படிப்பது அந்தப் பஞ்சினால்தான். [‘பஞ்சினால்’ என்பது சற்று மிகையாகத் தொனிக்கிறது. பட்டறைக் கூலியினால் என்று வாசித்துக்கொள்க.]

அவர் என்ன நினைப்பார் என்று எனக்குத் தெரியாது. என்ன பேசினார் என்பது மட்டும் தெரியும். விழாவுக்கு வருவோர்க்கு நினைவுப் பரிசாக உழவன், உழத்தி பொம்மைகள் செய்தோம். உழத்தியின் கழுத்தைத் துடைத்துக்கொண்டே ஒருநாள் கேட்டார்:

“ஏன் சங்கரிம்மா, வயக்காட்டுக்கு இம்மாம் நகைய மாட்டிக்கிட்டு எவ போவா? களை எடுக்கப் போறாளா, கல்யாணத்துக்குப் போறாளா?”

“அது… ஒரு அழகுக்காகங்க.”

“அப்ப புருசங்காரன் மட்டும் ஏன் கோவணத்தோட நிக்கிறான்? அவனுக்கும் ஒரு செயினு போட்டு வுடுங்க.”

பட்டறையே சிரித்தது. நானும் சிரித்தேன். இப்படிச் சிரிக்கவைப்பவரைச் சோகப் பாத்திரமாக்க எனக்கு மனம் வரவில்லை. இவர் இக்கதையில் எவரிடமும் இரக்கம் கேட்கமாட்டார் என்று இவ்விடத்தில் உறுதியளிக்கிறேன்.

4.

விழாக் குழுவினர் திரௌபதியின் வீட்டுக்குச் சென்ற நாளில் நானும் உடனிருந்தேன். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், அழைப்பிதழ். தட்டை நீட்டியவர் குருமூர்த்தி.

“ஞாயித்துக்கிழமை சீஃப் கெஸ்ட்டு வந்து உங்க வயல்ல அருவா புடிச்சு மொத கதிர அறுக்கப் போறாருங்கம்மா. அதுவரைக்கும் அறுக்காம வச்சிருக்கணும். ரோட்டோரமா இருக்குது, வண்டி நிறுத்தத் தோதா இருக்குது.”

“கெஸ்ட்டு கைய வெட்டிக்காம அறுப்பாருங்களா?”

“ரெண்டு கதிருதாங்க. போட்டோவுக்கு.”

திரௌபதி தட்டை வாங்கிக்கொண்டார். “வூடு தேடி வந்துட்டீங்க. சரிங்க,” என்றார். எங்கள் பக்கத்தில் தாம்பூலம் வாங்கியபின் பேச்சு மாறுவது வழக்கமில்லை. அதிலும் தட்டை நீட்டியவர் தமக்கு வேலை தரும் ஓனர்.

அந்த அறையில் இருந்த எங்களுள் எவரும் ஒன்றை நினைக்கவில்லை. இப்போதெல்லாம் அறுவடை இயந்திரத்தால்தான் நடக்கிறது. இயந்திரம் வரப்பில் நடக்காது. சாலையிலிருந்து முன்வயலில் இறங்கி, அதை அறுத்துக்கொண்டேதான் பின்வயலுக்குப் போக முடியும். ஆகவே முன்வயல்காரர் முதலில் நடுவார், முதலில் அறுப்பார். பின்னால் இருப்பவர்கள் அவருக்குப் பின்னே. திரௌபதியின் வயலுக்குப் பின்னால் அவர் கொழுந்தனார் கோதண்டபாணியின் வயல், அதற்குப் பின்னால் இன்னும் சிலருடையவை. நாங்கள் ஒரு வயலைக் கேட்டதாக நினைத்தோம். கேட்டது அத்தனை வயல்களின் வாசலை.

[சூளையில் வாசலோரம் அடுக்கிய சாமானை எடுக்காமல் உள்ளே இருப்பதை எடுக்க முடியாது என்பது பட்டறைக்காரர்களாகிய எங்களுக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் தோன்றவில்லை. இந்த உவமை பொருத்தமாக இருப்பதனாலேயே நீக்கிவிட எண்ணுகிறேன்.]

திரௌபதிக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தே வாங்கினாரா? இயந்திரம் திங்கட்கிழமைக்குப் பிறகு வரும் என்று நம்பினார் என இங்கே நானாக எழுதிக்கொள்கிறேன். அந்த நம்பிக்கை மட்டும் என்னுடைய கற்பனை.

5.

இயந்திரம் சனிக்கிழமை காலையிலேயே வந்துவிட்டது.

உரைத் தாள்களுடன் நான் திடலுக்குப் போனபோது பெல்ட்டில் ஓடும் அந்த அறுவடை வண்டி சாலையோரம் உறுமிக்கொண்டு நின்றது. வயலில் வண்டி இறங்கும் சரிவின் மீதே விழாப் பந்தலின் கால்கள் ஊன்றப்பட்டிருந்தன. கிழக்கே வானம் கறுத்திருந்தது. கடலில் காற்றழுத்தத் தாழ்வு, இரவுக்குள் மழை என்று காலையிலேயே செய்தி சொல்லியிருந்தார்கள். முற்றிய பயிர் மழையில் சாய்ந்தால் நெல் வயலிலேயே முளைத்துவிடும்.

கோதண்டபாணி பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அண்ணி, ஒங்க வய சினிமா ஸ்டாரு ஆயிடுச்சு, சந்தோசம். எங்க வய என்னா பாவம் பண்ணுச்சு? அறுக்கக்கூட வழி வுட மாட்டேங்கறீங்க.”

“பேசாத தம்பி. எனக்கு மட்டும் பயிரு இரும்புலயா வெளைஞ்சிருக்குது? மழை பேஞ்சா என்னுதுந்தான் சாயும்.”

“அப்பறம் என்னா? இந்த வண்டி மத்தியானத்துக்கு மேல சேத்தியாத்தோப்பு போயிடும். அங்க வரிசையில நிக்கிறாங்க. திரும்பி எப்ப வருமோ.”

டிரைவர் மேலிருந்தபடியே, “ஏங்க, இறங்கட்டுமா, கிளம்பட்டுமா?” என்றார்.

“இறங்கி டீ குடிங்க,” என்றார் திரௌபதி.

அதன் பிறகு கோதண்டபாணியே ஒரு வழி சொன்னார். பந்தலில் இரண்டு கால்களை மட்டும் பிடுங்குவது. வயலின் ஓரமாக ஒரு பட்டை அறுத்துக்கொண்டு வண்டி பின்னால் போகட்டும். “மிச்ச வய அப்புடியே நிக்கும். ஒங்க கெஸ்ட்டு ஆசை தீர அறுக்கட்டும். என்னா, ஓனரு வேணாம்னா சொல்லப்போறாரு?”

திரௌபதி என்னைப் பார்த்தார். பட்டறையில் ஓனரிடம் யாரும் நேரே பேசுவதில்லை. சொல்ல வேண்டியதை அலுவலகத்தில் சொல்வார்கள், அலுவலகம் உள்ளே போய்ச் சொல்லும். அலுவலகம் என்றால் நான்.

“சங்கரிம்மா, ஒரு வார்த்த கேட்டுச் சொல்லும்மா. தட்ட வாங்குன கை. கேக்காம செய்யக் கூடாது.”

6.

கூழ்க் கடைக்குப் பின்னால் போய்த் தொலைபேசினேன். குருமூர்த்தி அவர்கள் பெண்ணாடத்தில் விருந்தினர் ஒருவர் வீட்டில் இருந்தார். உரையாடலைக் கூட்டாமல் குறைக்காமல் தருகிறேன்.

“ஓரமா ஒரு பட்டைதாங்க சார். வண்டி போறதுக்கு மட்டும்.”

“ட்ரோன் வச்சு எடுக்கறாங்கம்மா. மேலேருந்து பாத்தா ஓர வகிடு எடுத்தாப்புல தெரியும். ஒரே தங்கமா இருக்கணும்.”

“மழை வரும்னு…”

“வராதும்மா. போன தடவையும் இப்புடித்தான் சொன்னாங்க. பாருங்க சங்கரி, நான் கட்டாயப்படுத்தல. அவங்க நெலம், அவங்க இஷ்டம். ஆனா திங்கக்கிழமை பட்டறையில அவங்க எடத்துல வேற ஆளு ஒக்காந்திருக்கும். அத மட்டும் பதமா சொல்லிடுங்க. ஒங்களுக்குத்தான் பதமா பேச வருமே.”

“சரிங்க சார்,” என்றேன்.

இந்த ‘சரிங்க சார்’ என்பதை ஒவ்வொரு வரைவிலும் எடுத்துவிட முயல்கிறேன். மறுபடி எழுதும்போது தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது.

7.

முடிவுகள். என்னிடம் மூன்று இருக்கின்றன. தரமானவை என்று சொல்லமாட்டேன்.

முதல் முடிவு: நான் திரும்பிப் போய், “சார் சரின்னுட்டாருங்க” என்று பொய் சொல்கிறேன். கால்கள் பிடுங்கப்படுகின்றன, வண்டி இறங்குகிறது, பின்வயல்கள் பிழைக்கின்றன. மறுநாள் ட்ரோன் பறக்கும்போது உண்மை தெரிந்துவிடும். அப்போது வேலை போவது என்னுடையது மட்டும் என்று எழுதினால் நான் நல்லவளாகிவிடுவேன். ஆனால் குருமூர்த்தி கணக்கைத் தனித்தனியாகத் தீர்ப்பவர் அல்லர். திரௌபதி, தமக்கே தெரியாத ஒரு பொய்க்காகத் தம் இடத்தை இழப்பார்.

இரண்டாம் முடிவு: உண்மையைச் சொல்கிறேன். பதமாக. அவர் கேட்டுவிட்டுத் தாமே தீர்மானிக்கிறார். இது நேர்மையாகத்தான் தெரிகிறது. ஆனால் ஒருபுறம் மகளின் படிப்பையும் மறுபுறம் கொழுந்தன் குடும்பத்தின் ஒரு போகத்தையும் தூக்கி அவர் கையில் வைத்துவிட்டு, நான் உரைத் தாள்களைச் சரிபார்க்கப் போய்விடுகிறேன். மிரட்டலைக் கொண்டுபோய்க் கொடுத்தவள் என்ற பெயர் எனக்கு வராது, ஏனென்றால் நான் அவ்வளவு மென்மையாகச் சொல்லியிருப்பேன்.

மூன்றாம் முடிவு: நான் வாய் திறப்பதற்குள் மழை. பந்தல் சாய்கிறது, எல்லாரும் ஓடுகிறார்கள். [இதை எழுதியபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதியே இது தவறு என்று சொல்லிவிட்டது. மழையை அழைத்துப் பொறுப்பை ஒப்படைப்பதற்காகவா இவ்வளவு தாள் செலவழித்தேன்?]

எத்தனை முறை எழுதினாலும் கூழ்க் கடையிலிருந்து பந்தல் வரையிலான தூரத்தை நான் கடக்கிறேன், அங்கே போய் நின்றுவிடுகிறேன். உண்மையில் அன்று என்ன நடந்தது என்று தாங்கள் கேட்கலாம். கேட்காதிருக்கத் தாழ்மையுடன் வேண்டுகிறேன். நடந்ததைச் சொன்னால் தாங்கள் என்னை மன்னிப்பதா வேண்டாமா என்பதில் இறங்கிவிடுவீர்கள். திரௌபதி அங்கேயே நின்றுகொண்டிருப்பார்.

8.

எனவே ஓர் உதவி. வாழ்க்கையில் முதன்முறையாக ஒருவரிடம் நேரடியாகக் கேட்கிறேன். தாங்கள் இதுவரை படித்துவிட்டீர்கள். குருமூர்த்தி சொன்னது எனக்குத் தெரிந்த அளவு தங்களுக்கும் தெரியும். நான் ஓர் அடி பின்னால் நிற்கிறேன். தாங்கள் முன்னால் வாருங்கள். வரப்பு வழுக்கும், பார்த்து.

டிரைவர் டீயைக் குடித்துவிட்டு ஏறி உட்கார்ந்துவிட்டார். பந்தல்காரர்கள் கடப்பாரையோடு நிற்கிறார்கள். கோதண்டபாணி வானத்தைப் பார்க்கிறார். திரௌபதி கண்ணுக்கு மேல் கையை வைத்து, யார் வருவது என்று பார்க்கிறார்.

“வாங்க, விழாவுக்கு வந்தவங்களா? அதோ சங்கரிம்மா ஒங்களத்தான் அனுப்பிச்சாப்புல இருக்குது. ஓனரு என்னா சொன்னாருங்க?”