கதவிடுக்கன்: பரிந்துரை உண்டு, பதிவு இல்லை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு வாழ்க்கையிலிருந்து கிடைக்கவில்லை, ஒரு தேடல் பெட்டியிலிருந்து கிடைத்தது. இருபது வருடமாக எழுதிக் குவித்ததையெல்லாம் கணினியில் ஏற்றிவிட்டு, எது எங்கே இருக்கிறதென்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தேன். நிரல் எழுதும் நண்பர் ஒருவர், யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் பிரித்து மேயக்கூடிய தேடுபொறி ஒன்றை நிறுவிக் கொடுத்தார். இரண்டு எழுத்து தட்டினால் மீதிச் சொல்லை அதுவே எடுத்துக் கொடுக்கும். 'கத' என்று தட்டினேன். 'கதை' வந்தது. அதற்குக் கீழே 'கதவிடுக்கன்' வந்தது.

சத்தியமாக அப்படியொரு சொல்லை நான் எழுதியதாக நினைவில்லை. தேடிப் பார்த்தேன். விடை பூஜ்யம்.

"எழுதிட்டு அழிச்சிருப்பீங்க," என்றார் நண்பர். "அழிச்சா உடனே போயிடாது. அழிச்சாச்சுன்னு ஒரு குறி மட்டும் போட்டு வச்சுக்கும். தேடினா காட்டாது, ஆனா சொல் பட்டியல்ல உக்காந்திருக்கும். துண்டு துண்டா இருக்கிற இண்டெக்ஸை ஒண்ணா சேர்க்கும்போதுதான் நெஜமா போகும்."

யாரை எழுதினேன், ஏன் அழித்தேன்? தெரியவில்லை. தெரியாத இடத்தில் ஒருத்தியைக் கொண்டுவந்து உட்காரவைத்திருக்கிறேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி: 'மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு' — வேண்டாம். அவள் வேலை செய்யும் அறைக்கு ஜன்னலே கிடையாது.

இரண்டாம் முயற்சி: அவள் காணாமல் போனவர்கள் பதிவகத்தில் தேடுபொறியைப் பார்த்துக்கொள்பவள். அதே இனம், அதே இலவசப் பொறி. அங்கே 'காணவில்லை' என்று தேடினால் ஒன்றும் வராது. எல்லாப் பதிவிலும் இருக்கும் சொல்லால் யாருக்கு என்ன லாபம் என்று அவளே அதை விலக்குப் பட்டியலில் போட்டுவிட்டாள்.* அன்று காலை ஒரு புகார். பெட்டி சொல்லை எடுத்துக் கொடுக்கிறது, அழுத்தினால் பதிவு வரவில்லை. முகவரிகளில் அடிக்கடி வரும் 'கதவு எண்'ணை வைத்துச் சோதிக்கலாமென்று 'கத' தட்டினாள்.

கதவு எண்.
கதவிடுக்கன்.

அது அவள் அண்ணனுக்கு அவள் வைத்த பெயர். வீட்டில் யார் பேசினாலும் உள்ளேயும் வராமல் வெளியேயும் போகாமல் கதவிடுக்கில் நின்று கேட்பவன். பல் டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போய் ஒன்பது வருடமாகிறது. அவனைக் காணவில்லை என்று அவளே பதிவு செய்திருக்கிறாள். ஆனால் அதில் இந்தப் பெயரை எழுதவில்லை, எழுத வெட்கம்.

(* இந்தத் தகவலை நான் சிரிப்புக்காகச் சேர்த்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை. இருக்கட்டும்.)

3

சொல்லின் எண்ணிக்கையைப் பார்த்தாள்: ஒன்று. தேடல் விடை: பூஜ்யம். என் நண்பர் சொன்னது அவளுக்கும் தெரியும். யாரோ எழுதியிருக்கிறார்கள், பிறகு அழித்திருக்கிறார்கள். அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"அம்மா, எங்க ஆபீஸ்ல நீ எதாவது எழுதிக் குடுத்தியா?"

"எனக்கு எங்கடி அதெல்லாம் தெரியும்?"

"கதவிடுக்கன்னு யார்கிட்டயாவது சொன்னியா?"

"அதை ஏன் வீட்டைத் தாண்டிச் சொல்லப் போறேன்? யாருடி கேட்டா?"

"யாரும் கேக்கல. சும்மா."

வீட்டைத் தாண்டாத அந்தப் பெயரை எழுதக்கூடியவன் அவன் ஒருவன்தான். பதிவகத்தில் ஒரு வழக்கம் உண்டு. காணாமல் போனவரே வந்து 'நான் இங்கே இருக்கிறேன்' என்று பதியலாம். மனம் மாறினால் திரும்பப் பெறலாம். திரும்பப் பெற்றதை யாரும், உயிரே போனாலும், திறந்து பார்க்கக் கூடாது.

பதிவாளரம்மா எட்டிப் பார்த்தார். (முந்தைய வரைவில் இவரை வில்லியாக்கியிருந்தேன். மனசு ஒப்பவில்லை. தம் வேலையைத் தாம் பார்ப்பவர், அவ்வளவுதான்.)

"என்னம்மா, பிடிபட்டுச்சா?"

"திரும்ப வாங்கின பதிவு, மேடம். முழுசாப் போகல."

"சேர்த்து விட்டுடு. போயிடும்ல?"

"போயிடும்." விசைப்பலகையை விட்டுத் திரும்பினாள். "மேடம், அதுல இருக்கிறதை எடுத்துப் படிக்கவும் முடியும்."

பதிவாளரம்மா அவள் முகத்தையே பார்த்தார். "படிக்க முடியும்னு தெரியும். அதனாலதானே படிக்க மாட்டோம்னு எழுதிக் குடுத்திருக்கோம். யாரோ வீட்டுப் புள்ளைம்மா அது."

4

முடிவு அ: படிக்கிறாள். ஒரு முகவரி. பேருந்து பிடித்துப் போகிறாள், கதவைத் தட்டுகிறாள், — எழுதினேன், கண்ணீரும் கம்பலையுமாக மூன்று பக்கம். அழித்தேன்.

முடிவு ஆ: படிக்கிறாள். அண்ணன் பெயரில் வேறு யாரோ எழுதியது. அண்ணன் பிணவறையில் — இதையும் அழித்தேன். மறுநாள் மத்தியானம் என் பெட்டியில் 'பி' என்று தட்டியபோது 'பிணவறை' என்று எடுத்துக் கொடுத்தது. அன்றிலிருந்து பெட்டியில் அந்த எழுத்தைத் தவிர்க்கிறேன், இந்தக் கதையையும் அதற்கு எட்டாமல் வைத்திருக்கிறேன்.

அவள் என்ன செய்தாள் என்பதை நான் தீர்மானிக்கவில்லை. விரலை விசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்பது வருடத்தில் அவனுக்கு இவ்வளவு பக்கத்தில் வந்ததில்லை. அவன் வாசல்வரை வந்திருக்கிறான், பெயரை எழுதியிருக்கிறான், வேண்டாமென்று திரும்பியிருக்கிறான். அந்த 'வேண்டாம்' தனக்குத்தான் என்று நினைத்தபோது அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. படுபாவி, உயிரோடு இருக்கிறான். அவள் படிக்கவில்லை. துண்டுகளைச் சேர்க்கும் கட்டளையைக் கொடுத்தாள்.

மறுபடி 'கத' தட்டினாள். கதவு எண் மட்டும்.

5

கதை இங்கே முடியலாம். ஆனால் அவள் தேடுபொறிக்காரி. விடை கிடைக்காத தேடல்களெல்லாம் ஒரு பட்டியலில் சேரும், தினமும் காலையில் அதைப் பார்ப்பது அவள் வேலை. அண்ணன் சந்தேகப் பிராணி. தன் பெயர் நிஜமாகவே போய்விட்டதா என்று என்றைக்காவது தேடிப் பார்ப்பான். பார்த்தால் அது பட்டியலில் விழும். அது போதும் அவளுக்கு. வேறெதுவும் கேட்கவில்லை.

நான் ஒரு தப்பு செய்துவிட்டேன். இந்தப் பகுதியை எழுதுவதற்கு முன், என் பெட்டியில் அந்தச் சொல்லை இன்னொரு முறை தட்டிப் பார்த்தேன். வெறும் ஆர்வம்தான். விடை பூஜ்யம்.

மறுநாள் காலை அவள் பட்டியலைத் திறந்தபோது ஒரு வரி இருந்தது.

"அம்மா," என்றாள் போனில். "இருக்கான்மா. நேத்து வந்து பார்த்துட்டுப் போயிருக்கான்."

தட்டியது நான்தான். எப்படிச் சொல்வது?

அவள் இனி தினமும் பார்ப்பாள். நான் தட்டப்போவதில்லை, தெம்பில்லை. சொல் இப்போது உங்களிடமும் இருக்கிறது. நீங்கள் எங்காவது அதைத் தட்டினால் அவளுக்கு இன்னொரு வரி விழும், அதுவும் அவன் இல்லை. யாருமே தட்டாவிட்டால், ஒருநாள் வந்தவன் மறுபடி போய்விட்டான் என்று அம்மாவிடம் அவள்தான் சொல்ல வேண்டும். பட்டியல் காலை எட்டு மணிக்குப் புதுப்பிக்கப்படும்.