கம்பெனிக் கோழிக்கு வீட்டுக் கேழ்வரகு

1

ஒப்பந்தக் கோழிவளர்ப்பு கொரோனாக் காலத்தில் சிறு விவசாயிகளை எப்படித் தாங்கியது என்று ஒரு கட்டுரை கேட்டார்கள். 'மீள்திறன்' என்று அவர்களே கொடுத்த சொல்லை எழுதினேன். அதற்குமேல் ஓடவில்லை, எரிச்சல்தான் வந்தது. கட்டுரையைத் தூக்கிப் போட்டுவிட்டு இண்டூர்ப் பக்கம் ஒரு கொட்டகை போட்டு, உள்ளே தீர்த்தம்மாளை நிறுத்தினேன்.

2

"ஊரடங்கின் அந்தி வானம் செக்கச்சிவந்து..."

(வேண்டாம். கோழி பட்டினி கிடக்கையில் வானம் எந்த நிறமாயிருந்தால் யாருக்கென்ன?)

குஞ்சும் தீவனமும் கம்பெனி தரும். கொட்டகையும் உழைப்பும் தீர்த்தம்மாளுடையவை. வளர்ந்ததும் லாரி வந்து பிடித்துப்போகும், வளர்ப்புக்கூலி வரும். கோழி தின்றால் கொரோனா என்று எவனோ கிளப்பிவிட்டான். லாரியும் வரவில்லை, தீவனமும் வரவில்லை. கோழிகள் ஒன்றையொன்று கொத்தத் தொடங்கின. அவளுக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. கம்பெனி சூப்பர்வைசர் அருள்குமாருக்குப் போன் போட்டாள்.

"தீவனம் எப்பங்க வரும்?"

"மேல கேட்டிருக்கேங்க்கா. வெளிய வித்துடாதீங்க, கம்பெனிக் கோழி."

"செத்துப்போச்சுன்னா?"

"அது வளக்கறவங்க பொறுப்புங்க்கா."

"நல்லா இருக்குதுங்க நாயம்! பொழச்சா உங்க கோழி, செத்தா எங்க கோழியா?"

(அருள்குமாரை வில்லனாக்கப் பார்த்தேன். முடியவில்லை. அவனுக்கும் சம்பளம் வரவில்லை.)

3

வீட்டில் இருந்தது ஒரே கேழ்வரகு மூட்டை. ஓசூரில் வேலை போய்த் திரும்பிய மகன் குடும்பத்துக்கும் அதில்தான் களி. அதைத்தான் தீர்த்தம்மாள் கொட்டகைக்கு இழுத்து வந்தாள். புருஷன் பெரியண்ணன் குறுக்கே நின்றார்.

"கம்பெனிக் கோழிக்கு நம்ம வூட்டு ராகியா? புத்தி கெட்டுப்போச்சா?"

"இதுங்க செத்தா கூலி போச்சு. அடுத்த தடவ குஞ்சும் எறக்கமாட்டான். அப்பறம் இந்தக் கொட்டாயில நாம படுத்துக்கலாமா?"

ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளருமாம். சொன்னவன் ஒப்பந்தத்தில் கோழி வளர்த்திருக்க மாட்டான்.

4

முடிவு: கதவைத் திறந்துவிடுகிறாள். கோழிகள் விடுதலையை நோக்கி...

(அடித்துவிட்டேன். பிராய்லர் கோழி எங்கே போகும்? கதவு திறந்திருந்தாலும் காலித் தட்டின் முன்னால்தான் குந்தியிருக்கும்.)

ஊருக்கே பிடித்துக் கொடுத்துவிடலாம் என்றால், அந்த வதந்திக்குப் பயந்து ஒருவரும் கை நீட்டவில்லை. லாரி ஹாரன் அடித்துக்கொண்டு வந்து நிற்பதாக எழுதலாம். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

தீர்த்தம்மாள் மூட்டையின் வாய்க்கயிற்றை அவிழ்த்துவிட்டாள். சத்தம் கேட்டுக் கோழிகள் தலையைத் தூக்கின. அதே நேரம் மருமகள் அமுதவல்லி முறத்தோடு வந்து வாசலில் நின்றாள்.

"அத்தே, களிக்கு மாவு இல்லீங்க."

என்னைப் பார்க்காதீர்கள். கட்டுரை கேட்டவர்கள் மீள்திறன் என்றது இந்த மூட்டையைத்தான். இனி அது உங்கள் கையில். எந்தப் பக்கம் கவிழ்ப்பதானாலும் சீக்கிரம் கவிழ்த்துவிடுங்கள். அமுதவல்லி முறத்தை நீட்டிக்கொண்டே நிற்கிறாள்.