காலி அறையின் படம்

அண்ணனும் தங்கையும் சேர்ந்து நடத்திய கடை அது. கேமரா மாட்டுவது, திரைகள் பொருத்துவது, அவற்றை ஓட்டும் கம்ப்யூட்டர்களைக் கவனிப்பது. அண்ணனுக்கு நாற்பத்தாறு, அவளுக்கு முப்பத்தெட்டு. இன்னும் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவான். எல்லா இடத்துக்கும் அவளை அனுப்புவான், ஒரே ஓர் இடத்தைத் தவிர. ஊருக்கு வெளியே இருந்த பெரிய சரக்குக் கிடங்கு. "அது என் தலைவலி, நான் பாத்துக்கறேன்" என்று ஐந்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அந்த வாரம் அண்ணன் குளியலறையில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டான். இரண்டாம் நாளே கிடங்கின் கண்காணிப்பு அறைக் கம்ப்யூட்டர் உயிரை விட்டது. வேறு வழியில்லை.

"பழைய டிஸ்க்ல இருக்கறத அப்படியே புது மெஷினுக்கு மாத்து. எதையும் நோண்டாத" என்றான், மாவுக்கட்டுக் காலைத் தலையணைமேல் தூக்கி வைத்தபடி.

"நோண்டாம வேலை நடக்குமாண்ணே?"

"சொன்னதைச் செய் பாப்பா."

காலை ஒன்பது மணிக்கு அவள் அங்கே இருந்தாள். கண்காணிப்பு அறை இரண்டாம் மாடியில், ஜன்னலே இல்லாமல், ஈரக் கம்பளி நாற்றத்தோடு இருந்தது. சுவரில் ஆறு திரைகள். ஒவ்வொன்றிலும் நான்கு கேமராப் படங்கள். ஏழாவது திரை கீழே லாரிகள் நிற்கும் முற்றத்தில், ஒரு வீட்டுச் சுவர் அளவுக்குப் பெரியது. எந்த லாரி எந்தக் கதவுக்குப் போக வேண்டும் என்று அதில்தான் எண்கள் வரும். ஏழு திரைகளையும் ஓட்டியது ஒரே கம்ப்யூட்டர்.

பகல் காவலுக்கு இருந்தவர் ஐம்பதைத் தாண்டிய ஆள். தலையிலிருந்து தொப்பியைக் கழற்றுவதில்லை என்பதால் எல்லோரும் தொப்பி என்றே அழைத்தார்கள்.

"அண்ணன் வரலையாம்மா?"

"கால் உடைஞ்சு கெடக்காரு."

"ஐயோ பாவம். அவர் வந்தா டீ குடிக்கறதுக்கே அரை நாள் ஆகும். நீங்க எப்படி?"

"நான் டீயும் குடிப்பேன், வேலையும் பண்ணுவேன்."

தொப்பி சிரித்தார்.

அந்தக் கம்ப்யூட்டரை இயக்கிய லினக்ஸில், படம் காட்டுவதற்கென்றே டிஸ்ப்ளே சர்வர் என்று ஒன்று ஓடும். எந்தப் புரோகிராமின் படம் எந்தத் திரைக்குப் போக வேண்டும் என்று பார்த்துக்கொள்வது அது. கம்பாசிட்டர் என்பது அந்தப் படங்களையெல்லாம் அடுக்கி ஒட்டி ஒரே காட்சியாக்கித் தரும். பழைய டிஸ்கில் இருந்தது எக்ஸ் என்ற அந்தக் காலத்து சர்வர். அதை அப்படியே புது மெஷினில் ஏற்றிப் பார்த்தாள். புதிய கிராபிக்ஸ் கார்டுகளுக்கும் அதற்கும் ஏழாம் பொருத்தம். ஓடும் லாரியின் மேல்பாதி ஒரு பக்கமும் கீழ்பாதி ஒரு பக்கமுமாகக் கிழிந்து தெரிந்தது. நடக்கும் ஆட்களின் தலை உடம்பை விட்டு நகர்ந்து நின்றது.

"என்னம்மா, எல்லாரையும் வெட்டிப் போட்டுட்டீங்க?" என்றார் தொப்பி.

பதினொரு மணிவரை மல்லுக்கட்டினாள். பிறகு அண்ணன் பேச்சை மீறினாள். எக்ஸைத் தூக்கிவிட்டு வேலண்ட் என்ற புது முறைக்கு மாற்றினாள். பழைய முறை, பூட்டே இல்லாத விடுதி மாதிரி. எந்தப் புரோகிராமும் எந்தப் புரோகிராமின் திரை ஜன்னல்மேலும் ஏறி உட்காரலாம், எட்டிப் பார்க்கலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். வேலண்டில் அவரவர் அறை அவரவருக்கு. கம்பாசிட்டர் சொல்லாமல் யாரும் யார்மேலும் சாய முடியாது. பழைய புரோகிராம்களுக்காக எக்ஸ்போல நடிக்கும் ஒரு துணைக்கருவியும் அதில் உண்டு. இங்கே தேவைப்படாது என்று அதை அணைத்துவைத்தாள்.

கட்டமைப்புக் கோப்பைத் திறந்து ஒவ்வொரு திரைக்கும் இடமும் அளவும் எழுதினாள். முதல் தடவை மூன்றாம் திரை தலைகீழாக வந்தது. "கிடங்கு கவுந்துடுச்சு" என்று தொப்பி கத்தினார். ஓர் எண்ணை மாற்றியதும் நிமிர்ந்தது. இரண்டரை மணிக்கு ஏழு திரைகளிலும் படம் தண்ணீர் போல ஓடியது.

மூன்று மணிக்குத் தொப்பி டீக் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அம்மா, இது எந்த ரூமு?"

பத்தொன்பதாம் கேமரா. சரக்குத் தூக்கும் வண்டிகளுக்கு பேட்டரி சார்ஜ் ஏற்றும் அறை. நடுவில் ஒரு ஆள் மண்டியிட்டிருந்தான். மூட்டை தூக்கும் தொழிலாளிகளின் ஆரஞ்சு நிறச் சட்டை. கைகள் பின்னால் கட்டப்பட்டிருந்தன. அவன் எதிரே நின்றவர் பாதுகாப்புத் தலைமை அதிகாரி. பட்டாளத்தின் வாசலைக்கூட மிதிக்காதவர், ஆனாலும் எல்லோரும் மேஜர் என்றுதான் அழைக்க வேண்டும். அவர் கையில் ஒரு முழ நீளத்துக்குத் தடித்த மின்கம்பி. பக்கத்தில் கட்டை என்கிற காவலாளி. கதவைப் பிடித்துக்கொண்டு இன்னொருவன்.

கம்பி உயர்ந்து இறங்கியது. சத்தம் இல்லை. மண்டியிட்டிருந்தவன் பக்கவாட்டில் சரிந்தான். கட்டை அவன் தலைமுடியைப் பிடித்து நிமிர்த்தினான். கம்பி மறுபடி இறங்கியது, இந்த முறை காதின்மேல். அவன் வாய் திறந்தது. படம் எவ்வளவு தெளிவாக இருந்தது என்றால், பல்லிடுக்கில் ஊறிய ரத்தம் கீழே சொட்டும்வரை அவளுக்குத் தெரிந்தது.

"நாலு வருஷமா பாக்கறேன்" என்றார் தொப்பி. "மூணு மணிக்கு அந்த ரூம்ல ஒரு பல்லிகூட அசையாதும்மா. காலியாத்தான் இருக்கும். கொறஞ்ச பெட்டிக்கு யாரையோ விசாரிக்கறாங்கன்னு காத்துல வரும். எங்கன்னு தெரியாது. சத்தியமா தெரியாது."

கம்ப்யூட்டர் தன் பிழைகளை எழுதிவைக்கும் பதிவுக் கோப்பை அவள் கை தானாகத் திறந்தது. கம்ப்யூட்டர் கிளம்பும்போது தானே தொடங்கும் புரோகிராம்களில் ஒன்று சுருண்டு விழுந்திருந்தது. டிஸ்ப்ளேயைத் திறக்க முடியவில்லை என்று ஒரே வரி. அது எக்ஸைத் தேடியிருக்கிறது, எக்ஸ் இல்லை. பழைய டிஸ்கிலிருந்து அதன் மூல வரிகளை எடுத்துப் படித்தாள். இருபத்தைந்து வரி. மேஜரின் போனிலிருந்து உத்தரவு வந்தால், பத்தொன்பதாம் கேமராவின் ஜன்னல்மேல் அச்சு அசலாக அதே அளவில் இன்னொரு ஜன்னல் ஏறி உட்காரும். அதில் காலி அறையின் படம். மூலையில் நேரம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

மேலே குறிப்பு எழுதியிருந்தது: தற்காலிகம், பிறகு எடுக்கவும். அண்ணன் எதை எழுதினாலும் இப்படித்தான் தொடங்குவான்.

அவனை அழைத்தாள்.

"அண்ணே, பத்தொம்போதுமேல என்னத்த ஒட்டி வெச்சிருந்த?"

மறுமுனையில் கட்டில் கிரீச்சிட்டது, அவன் எழுந்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

"நீ எக்ஸை எடுத்துட்டியா?"

"ஆள அடிக்கறாங்கண்ணே. என் கண்ணு முன்னால அடிக்கறாங்க."

"பாப்பா, கேளு. எந்திரிச்சு வெளிய வா. பையக்கூட எடுக்காத. வந்துடு."

போன் துண்டிக்கப்பட்டது. அரை நிமிடம் ஆகியிருக்காது. திரையில் மேஜர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். காதில் வைத்தார். கேட்டார். பிறகு மெதுவாகத் தலையைத் தூக்கி, கேமரா வழியாக அவளையே பார்த்தார்.

யார் அழைத்திருப்பார்கள் என்று அவள் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

மேஜர் கையை அசைத்தார். கட்டை அறையை விட்டு ஓடினான். பன்னிரண்டாம் கேமராவில் நடைபாதை, எட்டாம் கேமராவில் படிக்கட்டு. ஒவ்வொரு சதுரமாகத் தாவி மேலே வந்துகொண்டிருந்தான். "போலீசுக்குப் போன் பண்ணுங்க" என்று அவள் கத்தினாள். தொப்பி பண்ணினார். அங்கே எடுத்தவர் முகவரியை எழுத்துக்கூட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். சார்ஜ் அறையில் விழுந்து கிடந்தவனை மேஜர் இப்போது காலால் மிதித்தார். விலாவில், மறுபடி அதே விலாவில்.

தொப்பி கதவைத் தாழிட்டு மேசையை முட்டுக்கொடுத்தார். மூன்றாவது உதையில் தாழ்ப்பாள் பெயர்ந்தது. கட்டையின் கையில் தடி. தொப்பி குறுக்கே போனார். தடி அவர் முழங்கையில் விழுந்தபோது காய்ந்த கிளை ஒடிவதுபோலக் கேட்டது. அவர் சுவரோடு சரிந்தார்.

அவள் விசைப்பலகையை விடவில்லை. கம்பாசிட்டருக்கு ஒரே ஒரு உத்தரவு: பத்தொன்பதாம் ஜன்னலை ஏழாவது திரையிலும் காட்டு, அங்கே முழுத்திரை ஆக்கு. பாதி தட்டும்போதே கட்டை அவள் கூந்தலைச் சுருட்டிப் பிடித்து முகத்தை மேசையில் மோதினான். இரண்டு பற்கள் உடைந்து நாக்கில் உருண்டன. மறுபடி மோதினான். ஒரு கண்ணில் சிவப்பு இறங்கியது. மீதி எழுத்துகளை விரல்கள்தான் தேடித் தட்டின. என்டரை அழுத்தினாள்.

கீழே முற்றத்தில் இருநூறு பேர் இருந்தார்கள். லாரி ஓட்டுநர்கள், மூட்டை தூக்குபவர்கள். தங்கள் எண் வருமா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தவர்கள். எண்களெல்லாம் மறைந்து, ஒரு மாடி உயரத்துக்கு மேஜரின் கால் வந்தது. அந்தக் காலுக்கடியில் அவர்களோடு காலையில் மூட்டை தூக்கியவன்.

முற்றமே சார்ஜ் அறையை நோக்கி ஓடியது.

மாடிவரை எழும்பிய அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கட்டை அவளை விட்டான். திரைகளைப் பார்த்தான். தடியைப் போட்டுவிட்டுப் பின்படி வழியாக ஓடிப்போனான்.

அவள் தரையில் உட்கார்ந்தபடி பார்த்தாள். கண்ணை மூடியிருக்கலாம். மூடவில்லை. இரும்புக் கம்பிகளால் சார்ஜ் அறைக் கதவை நெம்பினார்கள். உள்பக்கம் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தவன்மேல்தான் கதவு முதலில் விழுந்தது. அவன்மேல் ஏறித்தான் எல்லோரும் உள்ளே போனார்கள். ஒருவன் திரும்பி வந்து கம்பியால் அவன் தலையில் அடித்தான். இன்னொருவனும் அடித்தான். அவனைத் தெரிந்து அடித்தார்களா, கைக்கு அகப்பட்டவன் என்று அடித்தார்களா, தெரியவில்லை. மேஜரை முற்றத்துக்கு இழுத்துவந்தார்கள். அவருடைய மின்கம்பியே அவர்மேல் இறங்கியது. கை மாறிக் கை மாறி இறங்கியது.

"நிறுத்துங்கடா!" என்று அவள் திரையைப் பார்த்துக் கத்தினாள். வாயிலிருந்து ரத்தம்தான் தெறித்தது. எழுந்து பெரிய திரையிலிருந்த படத்தை அணைத்தாள். எண்கள் திரும்ப வந்தன. கீழே யாரும் எண்களைப் பார்க்கவில்லை. சுவரைப் பிடித்துப் பிடித்துப் படியிறங்கி ஓடினாள். அவள் போய்ச் சேர்வதற்குள் போலீஸ் வண்டிகள் வாசலுக்கு வந்துவிட்டன.

ஆரஞ்சுச் சட்டைக்காரன் பிழைத்தான். மூன்று விலா எலும்புகள் முறிந்திருந்தன, ஒரு காது போயிற்று. காணாமல் போனதாகச் சொன்ன பெட்டி தவறான அடுக்கில் இருந்தது, மறுநாளே கிடைத்தது. மேஜர் உயிரோடு இருக்கிறார், வலது கையும் காலும் அசையாது. கட்டையை வேறொரு ஊரில் பிடித்தார்கள். கதவைப் பிடித்துக்கொண்டிருந்தவன் அங்கேயே செத்துப்போனான். வேலைக்குச் சேர்ந்து பதினொரு நாள்தான் ஆகியிருந்தது.

ஆஸ்பத்திரியில் தாடையைக் கட்டிவைத்திருந்ததால் அவள் எல்லாவற்றையும் போலீசுக்கு எழுதிக்கொடுத்தாள். பழைய டிஸ்கையும் கொடுத்தாள். யார் எழுதியது என்ற கேள்விக்கு எதிரே அண்ணனின் பெயரை எழுதினாள்.

மாவுக்கட்டோடு அவனைப் போலீசார் கூட்டிப்போனார்கள். ஒரு மாதம் கழித்து அவள் சிறைக்குப் பார்க்கப் போனபோது மெலிந்திருந்தான்.

"மொதல்ல ஒரே ஒரு தடவைன்னுதான் மேஜர் சொன்னான் பாப்பா. அப்புறம் வெளிய சொன்னா உன்னையும் விடமாட்டேன்னான். நான் ஒரு படம் வெச்சேன். அவ்வளவுதான்."

"அன்னைக்கு அவனுக்கு ஏண்ணே போன் பண்ணின?"

"உன்ன ஒண்ணும் செஞ்சுடாதன்னு கெஞ்சத்தான் பண்ணேன். எந்திரிச்சு வந்துடுவா, அவளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னேன்." அவன் அழுதான். அவளால் நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை.

அண்ணி அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். ஒருநாள் மட்டும் கடைக்கு வந்து, வாசலிலேயே நின்று, "புருஷன உள்ள தள்ளிட்ட. சரி, அவர் பண்ணதுக்கு அது வேணும். செத்தவன் வீட்டுக்கு நீ போனியா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையிலேயே அவள் கடையைப் பூட்டினாள். விலாசம் விசாரித்துப் போனாள். ஒற்றை அறை வீடு. கதவைத் திறந்தவள் இருபத்தைந்து வயதுகூட ஆகாத பெண், இடுப்பில் ஈரத் துணிக் கூடை.

"அந்தப் படத்தப் பெரிய திரையில போட்டது நான்தான்" என்றாள் அவள். ஒட்டவைத்த தாடையில் சொற்கள் குழறின. "உங்க வீட்டுக்காரர் அதனாலதான்..."

அந்தப் பெண் கூடையைக் கீழே வைத்தாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்து அவள் அசையாமல் நின்றாள்.

"நீங்க பாத்தீங்களா? அதுல அவர் என்ன பண்ணிட்டு இருந்தார்?"

"கதவப் புடிச்சுக்கிட்டு நின்னார்."

"அடிச்சாரா?"

"இல்ல."

"ஒரு அடிகூட?"

"நான் பாத்தவரைக்கும் இல்ல. கை கதவுலதான் இருந்தது. மொகத்த அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு நின்னார்."

அந்தப் பெண் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணைத் துடைக்கவில்லை.

"எங்க அத்தை சோறு திங்க மாட்டேங்கறாங்க. என் புள்ள அந்த ஆள அடிச்சானான்னு கேட்டுக்கிட்டே கெடக்காங்க" என்றாள். பிறகு கதவை அகலத் திறந்தாள். "உள்ள வாங்க. வந்து அவங்ககிட்டயும் இதச் சொல்லுங்க."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.